சிரிப்பு 3 விநாடி

பெரிய தனியார் மருத்துவமனை வார்டுகளில், வெள்ளைக் கோட்டு போடாத, ஸ்டெதஸ்கோப் மாட்டாத, ஆனாலும் எல்லோரும் பயப்படுகிற ஒருவர் நடமாடுவார். கையில் டேப்; ஷூவில் முகம் பார்த்துத் தலை சீவிக்கொள்ளலாம். டாக்டரென்று நினைத்து நோயாளியின் உறவினர்கள் எழுந்து நிற்பார்கள். அவரும் உட்காரச் சொல்ல மாட்டார். பேஷன்ட் எக்ஸ்பீரியன்ஸ் மேனேஜர். முன்பு ஹோட்டலிலோ விமான நிறுவனத்திலோ இருந்திருப்பார். அறை எடுத்தவர், ஜன்னல் சீட் கேட்டவர், குடலில் அடைப்பு வந்தவர் எல்லோரும் அவருக்கு 'கெஸ்ட்'தான்.

நர்ஸுகள் என்ன பேச வேண்டும் என்று எழுதிக் கொடுப்பது இவர் உத்தியோகம். 'ஏய்டெட்' இவருடைய வேதம். அமெரிக்காவில் ஸ்டூடர் குரூப் என்ற ஆலோசனை நிறுவனம் பரப்பிய முறை அது. நோயாளிக்கு முகம் கொடு, நீ யாரென்று சொல், எவ்வளவு நேரம் ஆகும் என்று சொல், என்ன செய்யப் போகிறாய் என்று விளக்கு, நன்றி சொல். இதில் குற்றம் ஒன்றுமில்லை. பெயரும் சொல்லாமல் காரணமும் சொல்லாமல் கையைப் பிடித்து ஊசி செருகிவிட்டுப் போகிறவர்களிடம் மாட்டியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஆனால் அமெரிக்காவில் இதற்குப் பின்னால் காசு இருக்கிறது. வீடு திரும்பியவர்களிடம் அரசாங்கக் கேள்வித்தாள் ஒன்று போகும். நர்ஸ் மரியாதையாக நடந்தாரா, காது கொடுத்துக் கேட்டாரா, புரியும்படி சொன்னாரா? 'எப்போதும்' என்று பதில் வந்தால்தான் மதிப்பு. 2012 அக்டோபரிலிருந்து மெடிகேர் என்ற அரசாங்க மருத்துவக் காப்பீடு கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கை இந்த மதிப்பெண்ணோடு முடிச்சுப் போட்டுவிட்டார்கள். 'பெரும்பாலும்' என்று ஒரு கிழவர் டிக் அடித்தால் நிர்வாகத்துக்கு நெஞ்சு வலி. "வேறு ஏதாவது வேண்டுமா? எனக்கு நேரம் இருக்கிறது" என்பது அங்கே நர்ஸுகளுக்குச் சொல்லிக்கொடுத்த வசனம். காலையிலிருந்து பாத்ரூம் போகக்கூட நேரம் கிடைக்காத பெண் அதைச் சொல்ல வேண்டும்.

நம்மூர் மேனேஜருக்கு மெடிகேர் இல்லை. கூகுள் ஸ்டார் இருக்கிறது.

அதனால் பயிற்சி வகுப்பு. "சிரிப்பு 3 விநாடி. குறைந்தால் அலட்சியம், கூடினால் சந்தேகம்" என்பார். வசனம் இப்படித் தொடங்கும்: "வணக்கம் சார், எங்கள் மருத்துவமனையைத் தேர்ந்தெடுத்ததற்கு நன்றி." லாரி இடித்து ஸ்ட்ரெச்சரில் வந்தவரிடமும் இதே. அவர் எங்கே தேர்ந்தெடுத்தார்? லாரி தேர்ந்தெடுத்தது.

இவர் சுற்றிவரும் ஒரு வார்டின் இன்சார்ஜ் சிஸ்டர் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். வேலைக்கு வந்த காலத்தில் மேனேஜர் பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பார். ஊசிக்கு அலறும் பையனிடம், "வலிக்கும்டே. வேணும்னா கத்திக்கோ, கையை மட்டும் ஆட்டாதே" என்பார். பையன் கத்துவான், கை ஆடாது. சாப்பிட மறுக்கும் பாட்டியிடம், "இட்லி நல்லால்லன்னா சொல்லுங்க பாட்டி, நான் அவிச்சதில்ல, கோவிச்சுக்க மாட்டேன்" என்பார். மறுநாள் ஆபரேஷன் இருப்பவரிடம் ஒன்றும் பேசமாட்டார். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ட்ரிப்ஸையே திருகித் திருகிப் பார்த்தபடி பக்கத்தில் நிற்பார். நோயாளி தானாகப் பேசத் தொடங்குவார். மேனேஜரின் டேப்பில் இதற்கெல்லாம் கட்டம் கிடையாது. அறிமுகம் இல்லை, நேர அளவு இல்லை, நன்றி இல்லை. ஐந்துக்கு இரண்டு.

எழுதிவைத்த வாக்கியம் என்றாலே சிஸ்டருக்கு ஆகாது என்று நினைத்துவிடக் கூடாது. மருந்து கொடுக்கும்போதெல்லாம், "உங்க பேரைச் சொல்லுங்க" என்று கேட்பார். "நாலு நாளா இங்கதானே கெடக்கேன், என் பேரு தெரியாதா?" என்று எரிந்து விழுந்தாலும் விடமாட்டார். இதேபோல ஆபரேஷன் தியேட்டரில், கத்தி வைக்குமுன் ஆள் யார், எந்தப் பக்கம், என்ன அறுவை என்று உரக்கச் சொல்ல வைக்கும் பட்டியல் உலக சுகாதார நிறுவனம் 2008-இல் கொடுத்தது. எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் அதைக் கொண்டுவந்தபின் இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8-ஆகக் குறைந்ததாக அடுத்த ஆண்டே ஆய்வு வந்தது. அதை எழுதியவர்களுக்கு மனுஷன் எந்த இடத்தில் தவறுவான் என்று தெரியும். மேனேஜருக்கு ஸ்டார் எந்த இடத்தில் குறையும் என்று தெரியும்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், மூட்டு மாற்று ஆபரேஷனுக்குப் பிறகு கட்டிலை விட்டு இறங்க மறுத்தார். பிசியோதெரபிஸ்ட் கெஞ்சினார். ஜூனியர் நர்ஸ் மூன்று விநாடி சிரித்துப் பார்த்தாள். சிஸ்டர் இடுப்பில் கை வைத்து, "எத்தனை பிள்ளைகளை பெஞ்சு மேல ஏத்தியிருப்பீங்க சார்? இப்ப எறங்கல்லேன்னா உங்களை ஏத்திருவேன்" என்றார். மனிதர் வாக்கரைப் பிடித்து எழுந்து கதவுவரை போய்வந்தார். டிஸ்சார்ஜ் அன்று கருத்துப் படிவத்தில், "சிஸ்டரின் அதட்டலால் நடந்தேன்" என்று முத்தான கையெழுத்தில் எழுதி, கூகுளிலும் ஐந்து ஸ்டார் போட்டார்.

மேனேஜர் அன்று இரவு தூங்கியிருக்க மாட்டார். அடுத்த வாரமே வசனப் புத்தகத்தில் புதுப் பக்கம் சேர்ந்தது: "நோயாளி நடக்க மறுத்தால் அன்பான அதட்டல், 10 விநாடி. பெஞ்சு நகைச்சுவை கட்டாயம். இடுப்பில் கை வைக்கவும்." எல்லா நர்ஸுகளுக்கும் அதில் பயிற்சி, அதன்பின் தேர்வு. இன்சார்ஜ் சிஸ்டருக்கு ஒரு மதிப்பெண் குறைந்தது. கெஸ்ட்டின் கண்ணைப் பார்த்து அதட்டவில்லையாம்.