சென்சார்சாமி

பெங்களூரின் ஒயிட்ஃபீல்டிலோ சர்ஜாபூர் சாலையிலோ பன்னிரண்டாம் மாடியில் குடியிருக்கும் சென்சார்சாமியைக் கண்டுபிடிப்பது சுலபம். வெளியில் குளிரா என்று கேட்டால் ஜன்னல் பக்கம் திரும்ப மாட்டார், போனைத்தான் எடுப்பார். கூடம், படுக்கையறை, பூஜை அலமாரி என்று இடத்துக்கொரு வெள்ளைக் கருவி. பிஎம் 2.5 எனும் நுண்துகள், ஈரப்பதம், கரியமில வாயு எல்லாவற்றையும் அது அவருக்குச் சொல்ல, அவர் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவுக்குச் சொல்வார். 2017-லும் 2018-லும் பெல்லந்தூர் ஏரியே தீப்பிடித்த ஊர் இது. சில்க் போர்டு சந்திப்பைத் தினமும் கடக்கிறவர் காற்றைப் பற்றிக் கவலைப்படுவதில் தப்பே இல்லை. குற்றவாளி எப்போதும் வெளியில்தான் இருக்கிறான் என்று அவர் முடிவு கட்டியதுதான் தப்பு.

அவர் வாங்கிய கருவியே அவருக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. காலை எட்டு மணிக்குக் கோடு எகிறும். மெட்ரோ வேலைத் தூசி என்று குழுவில் எழுதுவார். அந்நேரம் அடுப்படியில் மிளகாய் கருகி வீடே இருமிக்கொண்டிருக்கும். வெள்ளிக்கிழமை மாலை சாம்பிராணி, மறுபடி எகிறும். அதை நிறுத்தும்படி அம்மாவிடம் சொல்லத் துணிவில்லாததால் ஜன்னலைச் சாத்துவார். புகை உள்ளேயே தங்கும். வெளியில் 420 பிபிஎம் அளவில் இருக்கும் கரியமில வாயு, இருவர் தூங்கும் மூடிய அறையில் விடிவதற்குள் 1500-ஐத் தாண்டும். ஏர் ப்யூரிஃபையர் தூசியைப் பிடிக்கும், இந்த வாயுவைத் தொடாது. ஒரு கையில் போன், மறு கையில் ஜன்னல் கொண்டி என்று அவர் நிற்கையில், “தொறடா கண்ணா, புழுங்குது” என்பார் அம்மா. கருவி சொல்வதும் அதேதான்.

‘அளக்காமல் எப்படித் தெரியும்?’ என்பார். நியாயம். நுண்துகள் கண்ணுக்குத் தெரியாது, கரியமில வாயுவுக்கு மணமில்லை. ஆஸ்துமாக் குழந்தை உள்ள வீட்டில் எந்நேரம் அளவு ஏறுகிறது என்று தெரிவது பெரிய உதவி. ஆனால் எண்ணை நம்புகிறவர் அது வரும் வழியையும் பார்க்க வேண்டாமா? மலிவான கருவிகள் துகளில் பட்டுச் சிதறும் லேசர் ஒளியை வைத்துக் கணக்குப் போடுகின்றன. மழைக்கால ஈரத்தில் துகள் உப்பினால் கூட்டிச் சொல்லும். அடுத்தது அளவுகோல். பிஎம் 2.5-க்கு 24 மணி நேரச் சராசரி கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம் வரை போகலாம் என்கிறது 2009-இல் வந்த நம் நாட்டு வரம்பு. 15-ஐத் தாண்டக் கூடாது என்றது 2021-இல், ஜெனீவாவில் இருக்கும் உலக சுகாதார நிறுவனம். கருவி 40 காட்டினால் டெல்லி கணக்கில் பாஸ், ஜெனீவா கணக்கில் ஃபெயில். குழுவைப் பயமுறுத்த ஜெனீவா, வீட்டுக்கு விருந்தாளி வந்தால் டெல்லி என்று அவர் வைத்துக்கொள்வார். இரண்டுமே நாள் முழுவதற்குமான சராசரி. இவரோ தாளிக்கும் அரை நிமிஷத்தை அதோடு ஒப்பிட்டுக் கலங்குவார்.

ஈரப்பதத்தில் இன்னும் விசேஷம். ஆகஸ்டில் அப்பளம் நமுத்து, உப்பு கசிந்து, அலமாரியில் தோல் பெல்ட் பூஞ்சை பூத்திருக்கும். இவர் 82 சதவீதம் என்று ஸ்கிரீன்ஷாட் எடுத்து, கருவி பழுதோ என்று இன்னொன்று வாங்குவார். பழுதில்லை. பக்கத்திலேயே துணி ஸ்டாண்டில் நான்கு ஜீன்ஸ் ஈரமாகத் தொங்குகிறது. ஐயா, அடுத்த ஆர்டர் போடுமுன் அந்த ஸ்டாண்டைப் பால்கனிக்குத் தள்ளுங்கள். அப்படியே, பிசுக்கேறிச் சுற்றாமல் கிடக்கும் அடுப்படி எக்சாஸ்ட் ஃபேனையும் கொஞ்சம் துடையுங்கள்.