உப்புக் கிணற்றில் பதினாறில் ஒரு பங்கு

எங்கள் யாழ்ப்பாணத் தீவுப் பகுதியில் நடந்ததாக ஏட்டில் ஏறிய பழைய சண்டையே ஒரு சீதனச் சண்டைதான். மகாவம்சத்தைத் திறந்து பாருங்கள். நாகதீபத்தில் மகோதரன் என்ற நாக அரசனும் அவனுடைய தங்கை மகன் சூளோதரனும் ஒரு மணி ஆசனத்துக்காகப் படை திரட்டி நிற்கிறார்கள். தகப்பன் அந்த ஆசனத்தை மகளுக்குக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிவிட்டார். “அம்மாவுக்குக் கொடுத்தது எனக்குத்தான்” என்று மருமகன் சொல்லியிருப்பான். “உறுதி எங்கே, காட்டு” என்று மாமன் கேட்டிருப்பான். புத்தர் வந்து சமாதானம் பேசுகிறார். முடிவில் இரண்டு பேருமாகச் சேர்ந்து ஆசனத்தை அவருக்கே கொடுத்துவிடுகிறார்கள்.

மணிமேகலையிலும் மணிபல்லவத்தில் ஓர் ஆசனம், அதற்காக இரண்டு அரசர்கள், நடுவில் புத்தர். மணிபல்லவம் நயினாதீவுதான் என்று எங்கள் ஆட்கள் அடித்துச் சொல்வார்கள். நாகதீபமும் அதுதான் என்று தென்னிலங்கையிலிருந்து பஸ் பிடித்து வருகிற யாத்திரிகர்கள் சொல்வார்கள். தமிழரும் சிங்களவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போவது அபூர்வம். அப்படி ஒத்துப்போன விஷயமும் ‘இங்கே சண்டை நடந்தது’ என்பதாகப் போய்விட்டது.

இந்தக் கதையில் ஒரு குறை எனக்குண்டு. ஆசனத்துக்கு அடிபட்டவர்களைப் பற்றி இவ்வளவு எழுதியவர்கள், அன்றைக்கு அந்தத் தீவில் எத்தனை குடும்பம் இருந்தது, தண்ணீருக்கு என்ன செய்தார்கள் என்று ஒரு வரி எழுதவில்லை. எங்கள் பக்கத்தில் இன்றைக்கும் அப்படித்தான். இருக்க ஆள் குறையக் குறைய உரிமை கொண்டாட ஆள் கூடும்.

1994 பொதுத் தேர்தலைப் பாருங்கள். குடாநாடு புலிகளின் கையில். அரசாங்கத்தின் கையில் இருந்த தீவுகளில்தான் பெரும்பாலும் வாக்குப்பெட்டி திறந்தது. யாழ்ப்பாண மாவட்டத்தின் பத்து ஆசனங்களில் ஒன்பது, சுயேச்சைக் குழுவாக நின்ற ஈ.பி.டி.பி.க்குப் போனது. அதற்கு விழுந்த வாக்கு 10,744. கொழும்பில் அவ்வளவு வாக்கு வாங்கினவர் வீட்டுக்குப் போய்ப் படுக்கவேண்டியதுதான். எங்கள் தீவு வாக்கின் பெறுமதி அந்த ஒரு வருஷத்தில் உச்சத்துக்குப் போய், பிறகு இன்றுவரை இறங்கின இறக்கம்தான்.

வல்லரசுகளுக்கும் இந்த உரிமை கொண்டாடுகிற வருத்தம் தொற்றியது. 2021 ஜனவரியில் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் வெயிலிலும் காற்றிலும் மின்சாரம் எடுக்கிற திட்டத்தை ஒரு சீனக் கூட்டு நிறுவனத்துக்குக் கொடுக்க அமைச்சரவை முடிவெடுத்தது. இந்தியாவுக்குப் பொறுக்கவில்லை. அதே ஆண்டு முடிவதற்குள், ‘மூன்றாம் தரப்பின் பாதுகாப்புக் கவலை’ என்று சொல்லிச் சீனா திட்டத்தை நிறுத்திவிட்டு மாலைதீவில் பன்னிரண்டு தீவுகளுக்குச் சூரியமின்சாரம் போட ஒப்பந்தம் செய்தது. மூன்று போனால் பன்னிரண்டு. அவர்களுக்குத் தீவுக்கா பஞ்சம்? அந்த டிசம்பரில் சீனத் தூதுவர் யாழ்ப்பாணம் வந்து, வேட்டி கட்டி, வெறும் மேலோடு நல்லூர் கந்தசுவாமி கோவிலுக்குப் போனார். படத்தைப் பார்த்த என் மாமி சொன்னா: “எங்கட பெடியளைவிட வேட்டி வடிவாக் கட்டியிருக்கிறார்.” அதே திட்டத்துக்கு 2022 மார்ச்சில் இந்தியாவோடு உடன்படிக்கை, 2024 மார்ச்சில் பெங்களூர் நிறுவனம் ஒன்றுக்கு ஒப்பந்தம், 11 மில்லியன் டொலர் நன்கொடை. இத்தனை இராசதந்திரமும் நடந்துகொண்டிருந்தபோது தீவுகளில் மின்விசிறியைச் சுற்றவைத்தது அதே பழைய டீசல் இயந்திரம்தான்.

இனி எங்கள் வீட்டுக்கு வருகிறேன். பத்திரிகைக்காரர் யாரும் வராத சண்டை அது.

புங்குடுதீவில் அம்மம்மாவின் சீதன வீடு. நாற்சார், நடுவில் முற்றம், பர்மாத் தேக்கில் கதவு. எல்லாம் ஒரு காலம். 1985 மே 15 இல் குமுதினிப் படகில் நடந்த படுகொலையை ஒரு பகிடிக் கட்டுரையில் எழுத முடியாது. அதை விட்டுவிட்டு ‘எல்லாரும் டொலருக்காக ஓடினார்கள்’ என்று எழுதுவதும் நியாயமில்லை. ஓடினார்கள், அவ்வளவுதான். மாமா ரொறன்ரோவில். சின்னம்மா சூரிச்சில். காலமாகிவிட்ட பெரியம்மாவின் பிள்ளைகளில் அண்ணன் பாரிஸில், மற்றவ லண்டனில். நான் யாழ்ப்பாண நகரத்தோடு நின்றுவிட்டேன். இதை நாட்டுப்பற்று என்று சிலர் மேடையில் புகழ்ந்திருக்கிறார்கள். எங்கள் ஏஜென்சிக்காரன் காசோடு காணாமற்போனது அவர்களுக்குத் தெரியாது.

ஆகவே வீட்டுக்குக் காவல் நான். குறிகட்டுவான் பஸ் ஏறி, பண்ணையைக் கடந்து, வேலணையைக் கடந்து, இரண்டு பக்கமும் கடலாகக் கிடக்கிற தாம்போதியைக் கடந்து போய் ஓடு விழுந்த இடத்தைப் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போடுவது என் உத்தியோகம். போட்டவுடன் ரொறன்ரோவில் விடியாது, ஆனாலும் மாமா விழித்திருப்பார். அண்ணனுக்கு அந்த வீட்டை வெள்ளைக்காரர் வந்து தங்குகிற விடுதியாக்க ஆசை. லண்டன்காரி அம்மம்மாவின் பெயரில் வாசிகசாலை கேட்கிறா. வாசிக்கப் பிள்ளைகள் எங்கே என்று கேட்டால் கோபிக்கிறா. சின்னம்மாவுக்கு வீட்டை இடித்துவிட்டு வளவைப் பிள்ளையார் கோவிலுக்கு எழுதவேண்டும். எங்கள் ஊரில் வீட்டு ஓடு விழுவதும் கோபுரம் எழுவதும் ஒரே காசால்தான் நடக்கிறது. அங்கே போய் இருக்கவேண்டும் என்று மட்டும் இன்றுவரை ஒருவரும் எழுதவில்லை. இப்போதைக்கு விறாந்தையில் அயல்வீட்டு ஆடுகள் குடியிருக்கின்றன. வாடகை தருவதில்லை. ஆனால் புல்லு வெட்டுகிற கூலி மிச்சம்.

விற்றுவிடலாம் என்று ஒருநாள் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ஞானம் பிறந்தது. அப்போதுதான் தேசவழமை வந்து வாசலில் நின்றது. 1707 இல் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற ஒல்லாந்து அதிகாரி எங்கள் முதலிமாரைக் கேட்டு எழுதிக்கொடுத்த சட்டம். முதுசொம், சீதனம், தேடியதேட்டம் என்று எங்கள் வழக்கத்தை அந்த மனுசன் தாளில் இறக்கினார். அனலைதீவுக்கு றொட்டர்டாம், புங்குடுதீவுக்கு மிடில்பேர்க் என்று அவர்கள் வைத்த பெயர்களில் நெடுந்தீவுக்கு வைத்த டெல்ஃப்ட்டைத் தவிர மற்றதெல்லாம் கடலோடு போயிற்று. சட்டம் மட்டும் போகவில்லை. கலியாணமான பெண் தன் காணியை விற்கப் புருஷனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். சின்னம்மாவும் சித்தப்பாவும் ஒரே நகரத்தில் இரண்டு வீட்டில், பல வருஷமாகக் கதை பேச்சில்லை. “அந்தாளிட்ட நான் போய்க் கையெழுத்துக் கேக்கிறதோ? காணி கடலுக்குள்ள போகட்டும்” என்றா. நீதிமன்றம் போனால் வழியுண்டு என்றார் நொத்தாரிசு. போனால் வழக்கு முடிவதற்குள் வீடு முடிந்துவிடும்.

ஊர்காவற்றுறைக்கு முன்னால் கடலுக்குள் நிற்கிற கடற்கோட்டையைப் பார்க்கும்போது எனக்குப் பொறாமையாக இருக்கும். போர்த்துக்கீசர் கட்டினார்கள். 1658 இல் தண்ணீர்த் தொட்டி உடைந்து குடிக்க வழியில்லாமல் ஒல்லாந்தரிடம் கொடுத்தார்கள். பிறகு சிறையானது, 1971 கிளர்ச்சிக் காலத்தில் ரோகண விஜேவீர இருந்த இடம். இப்போது கடற்படை நடத்துகிற ஹோட்டல். ஒரு பங்காளிகூடத் தடை மனுப் போடவில்லை! நல்ல வீடுகள் ஆளில்லாமல் விழுந்துகொண்டிருக்கிற ஊரில், காசு கொடுத்து மறியற்சாலையில் படுக்க ஆட்கள் வருகிறார்கள்.

நெடுந்தீவுக் குதிரைகளும் அப்படித்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோலன் என்ற ஐரிஷ்காரர் மேற்பார்த்த குதிரைகளின் வம்சம். உறுதி, தோம்பு, நொத்தாரிசு ஒன்றுமில்லாமல் தெற்குத் தரவையில் தலைமுறை தலைமுறையாக ஆட்சி. மனிதர்கள் முருகைக்கல்லைச் சீமெந்து இல்லாமல் அடுக்கி வேலி போட்டிருக்கிறார்கள். மற்ற இடங்களில் கிளுவைக் கதியால் இரவில் ஒரு சாண் நடக்கும் என்பார்கள். கல்வேலி நடக்காது என்று நம்பினேன். ஒவ்வொரு கல்லாகத் தூக்கி வைத்தால் அதுவும் நடக்கும் என்று ஒரு நெடுந்தீவு நண்பர் திருத்தினார்.

கடைசியில் எப்படியோ சித்தப்பாவே மனமிரங்கிக் கையெழுத்து வைத்தார். பாரிஸ் வந்தது, லண்டன் வந்தது. அற்றோணித் தத்துவத்தில் ரொறன்ரோ மட்டும் பாக்கி. மாமா தொலைபேசியில் வந்தார்.

“வீட்டுக்குச் சம்மதம். வளவுக்கும் சம்மதம். கிணத்துப் பங்கை மட்டும் எழுதமாட்டன்.”

கிணறு நாலு வளவுக்குப் பொது. அம்மம்மாவுக்கு நாலில் ஒன்று, அவவுக்கு நாலு பிள்ளைகள். மாமாவுக்குப் பதினாறில் ஒன்று.

“மாமா, அது முழு உப்பு. ஆடும் குடியாது.”

“உப்போ? அப்ப அது எங்கட கிணறுதான். என்ரை பங்கில ஒரு போத்தல் அடைச்சு அனுப்படா, பாப்பம்.”

பெட்டியின் மேல் சுங்கத்துக்கு என்னவென்று எழுதுவது என்று இப்போது ஒரு பார்சல்காரரிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.