அசையாத இருநூறு

சொன்ன சொல்லில் நிற்கிறவர்கள் யாருமே இல்லை என்று புலம்புகிறவர்களை, முதியோர் உதவித்தொகை கொடுக்கும் நாளில் புதுக்கோட்டை மாவட்டத்தின் ஏதாவது ஒரு கிராமத்துக்கு அழைத்துப்போக வேண்டும். மரத்தடியில் கைரேகை மெஷினோடு உட்கார்ந்திருக்கும் பையனைச் சுற்றிக் கிழவிகள் நிற்பார்கள். ஓஏபி என்று ஊரில் சொல்லும் அந்தப் பணம் மாதம் 1,200 ரூபாய். மத்திய அரசுத் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு அதில் டெல்லியின் பங்கு 200. இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டம் என்று 2007-ல் பெயர் சூட்டியபோதும் அது 200தான், இன்றைக்கும் 200தான். அதற்குப் பிறகு நான்கு நாடாளுமன்றத் தேர்தல்கள் நடந்துவிட்டன. செல்லாத நோட்டு அறிவிப்பு வந்தது, ஜிஎஸ்டி வந்தது, கொரோனா வந்தது. ஆட்சி மாறியது. பருப்பு விலையும் மாத்திரை விலையும் எங்கேயோ போய்விட்டன. இருநூறு அசையவில்லை. எண்பது வயதைத் தாண்டியவர்களுக்கு 500 தருகிறார்கள். அதுவும் 2011-ல் எங்கே நின்றதோ அங்கேயே நிற்கிறது.

இந்த மனவுறுதி எல்லாத் தொகைக்கும் வாய்ப்பதில்லை. முன்னாள் எம்.பி.க்களின் ஓய்வூதியத்தைப் பாருங்கள். 2006-ல் மாதம் 8,000 ரூபாய், அப்புறம் 20,000, 2018-ல் 25,000, 2023 ஏப்ரல் முதல் கணக்கிட்டு 31,000. விலைவாசி கொஞ்சம் மூச்சு விட்டால்கூட அதற்குத் தாங்காது. கிழவியின் இருநூறுதான் வைராக்கியம் உள்ளது. ஒரு நாளைக்கு ஆறு ரூபாய் அறுபத்தாறு காசு. இந்த விலையில் ஓர் உயிரை ஒரு நாள் காப்பாற்ற முடியும் என்ற நம்பிக்கையைப் பதினெட்டு வருஷத்துக்கும் மேலாக விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது சின்ன விஷயமா?

மாநில அரசும் இந்தக் குணத்தில் இளைத்ததில்லை. காமராஜர் காலத்தில், 1962-ல், 20 ரூபாயில் தொடங்கியது மாநிலத்தின் திட்டம். 2011-ல் ஆயிரமானது. பிறகு பன்னிரண்டு வருஷம் ஆயிரமாகவே இருந்து, 2023-ல்தான் 1,200 ஆனது. இடையில் செத்துப்போனவர்கள் அந்த ஆயிரத்தின் உறுதியை முழுசாக அனுபவித்துவிட்டுப் போனார்கள்.

புதுக்கோட்டைக்காரர்களுக்கு நிலையான தொகை புதிதில்லை. தொண்டைமான்கள் ஆண்ட காலத்தில் இங்கே அம்மன் காசு என்று ஒரு செப்புக்காசு இருந்தது. ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் ‘விஜய’. நவராத்திரியில் அரிசியோடு சேர்த்து அந்தக் காசைத் தானமாகக் கொடுப்பார்கள். இருபது காசு சேர்ந்தால் ஓர் அணா. அரசர் கொடுத்தது தானம். அதனால் அதன் மதிப்பைப் பற்றி வாங்குகிறவர் வாய் திறக்க வழியில்லை. இப்போது கொடுப்பது உரிமை என்கிறார்கள். மரியாதை கூடியிருக்கிறது, அதை யாரும் மறுக்க முடியாது.

புதுக்கோட்டையிலிருந்து தஞ்சாவூர் போகும் சாலையில் ஆதனக்கோட்டை. சாலை ஓரத்திலேயே முந்திரியை வறுத்து, உடைத்து, கூறு கட்டி விற்கும் ஊர். கொட்டையை உடைக்கும்போது ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் தோலை அரித்துவிடும். கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு உடைப்பார்கள், அப்படியும் விரல் நுனி கறுத்து, உரிந்து, வழவழவென்று ஆகிவிடும். நாற்பது வருஷம் உடைத்த ஒருத்தியின் விரலைத் தொட்டுப் பார்த்தால் அதில் கோடே இருக்காது. அந்த விரலைத்தான் மெஷினில் வைக்கச் சொல்கிறோம்.

“ஆத்தா, ரேகை விழல. துடைச்சிட்டு வை.”

“துடைச்சிட்டுத்தாம்ப்பா வச்சேன்.”

“அந்தக் கையை வை… அதுவும் விழல. எலுமிச்சம்பழம் தேய்ச்சுக் கழுவிட்டு நாளைக்கு வா ஆத்தா.”

பையன் மேல் குறையில்லை, அவன் தன்மையாகத்தான் பேசுகிறான். மெஷினும் சரியாகத்தான் வேலை செய்கிறது. உழைக்காத விரல் என்றால் தொட்ட மாத்திரத்தில் கண்டுகொள்ளும். ஆயுள் முழுக்க உழைத்த விரலிடம்தான் அதற்குச் சந்தேகம் வருகிறது. ஏமாற்றுக்காரர்களைப் பிடிக்க வாங்கிய கருவி இவ்வளவு கறாராக இருப்பதைப் பாராட்டத்தான் வேண்டும்.

புதிதாக மனுப் போடுகிறவர்களிடம் அரசு காட்டும் குடும்பப் பாசம் இன்னொரு வகை. வி.ஏ.ஓ. விசாரிப்பார், ஆர்.ஐ. விசாரிப்பார், முடிவு செய்வது வட்டாட்சியர். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: மகன் இருக்கிறானா? இருக்கிறான். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான், அல்லது கடன் வாங்கி சிங்கப்பூர் போயிருக்கிறான். அவன் பணம் அனுப்புகிறானா என்பது வேறு விஷயம். பெற்றவளுக்கே இல்லாத நம்பிக்கை அவள் மகன் மேல் அரசுக்கு இருக்கிறது. அந்த நம்பிக்கையால் எத்தனையோ தாய்மார்கள் பட்டியலுக்கு வெளியே நிற்கிறார்கள்.

கணக்கிலும் அரசு நிதானம் தவறுவதில்லை. மத்தியத் திட்டத்தில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் இத்தனை பேர் என்று ஒரு வரம்பு உண்டு. அது 2001 மக்கள்தொகையை வைத்துப் போட்ட கணக்கு. அன்றைக்கு நாற்பது வயதில் நாற்று நட்டுக்கொண்டிருந்தவளுக்கு இன்று அறுபது தாண்டிவிட்டது. அவள் மூப்படைந்தாலும் கணக்கு மூப்படையவில்லை. “ஒரு ஆளு போனாத்தான் அடுத்த ஆளுக்கு வரும்” என்று ஊரில் சாதாரணமாகப் பேசிக்கொள்கிறார்கள். ஒரே தெருவில் பிழைத்தவர்கள், ஒருத்தி சாவுக்கு இன்னொருத்தி காத்திருக்கும்படி ஆகிவிட்டது. இதைச் சொல்லும்போது அவர்கள் முகத்தில் வெட்கம் தெரியும். வெட்கப்பட வேண்டியவர்கள் அவர்கள் இல்லை.

இதற்குள் உண்மையாகவே கும்பிட வேண்டியவையும் உண்டு. உதவித்தொகை வாங்குகிறவர்களுக்குச் சத்துணவு மையத்தில் மதியச் சாப்பாடு உண்டு. அங்கே சாப்பிடாதவர்களுக்கு மாதம் நான்கு கிலோ அரிசி. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் சேலை, வேட்டி. 2021 முதல் பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் கட்டணம் கிடையாது. அந்தச் சாப்பாடு இல்லாவிட்டால் பட்டினி கிடக்கும் கிழவிகள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். கட்டணம் இல்லை என்பதால்தான் அவர்களால் தாலுகா ஆபீசுக்கு ஒரே காகிதத்தோடு திரும்பத் திரும்ப வர முடிகிறது. அங்கும் முடியாவிட்டால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ், மக்கள் குறைதீர்க்கும் நாள். புதுக்கோட்டையில் கலெக்டர் ஆபீஸ் இருப்பது தொண்டைமான் அரண்மனையில். நல்ல உயரமான கூரை, விசாலமான கட்டடம். அரசர் காலத்தில் குடிகள் எளிதில் நுழைந்திருக்க முடியாத வளாகத்துக்குள் இன்று செருப்பில்லாத கிழவியும் மனுவோடு போகலாம். போய்விட்டு, அதே மனுவை அடுத்த திங்கட்கிழமையும் கொடுக்கலாம்.

நம்முடைய உறுதி அக்கம்பக்கத்துக்குத் தொற்றவில்லை என்பதுதான் ஆச்சரியம். இந்தியா 1995-ல் 75 ரூபாயில் இந்த ஓய்வூதியத்தைத் தொடங்கிய அதே காலத்தில், நம்மைவிட ஏழை நாடான நேபாளம் தன் முதியவர்களுக்கு மாதம் நூறு நேபாள ரூபாய் கொடுக்கத் தொடங்கியது. ஆட்சிகள் அடிக்கடி கவிழ்ந்த நாடு அது. மன்னராட்சி போய்க் குடியரசு வந்தது, 2015-ல் பெரிய நிலநடுக்கமும் வந்தது. நூறில் நிற்க அவர்களுக்கு வைராக்கியம் போதவில்லை. கூட்டிக் கூட்டி இப்போது 68 வயதானவர்களுக்கு 4,000 தருகிறார்கள், மகன் இருக்கிறானா என்றுகூடக் கேட்பதில்லை. நம்முடைய இருநூறை எல்லை தாண்டிக் கொண்டுபோய் அந்த ஊர்க் காசாக மாற்றினால் முந்நூற்று இருபது கிடைக்கும்.