விச்ராந்தி நிபுணர்

உழைப்பதற்குத் திட்டம் போடுகிறவர்களை உலகம் நன்றாக அறியும்; அவர்களுக்குப் பதவி உயர்வு கொடுத்து, உத்தியோகம் முடிகிற அன்று சந்தன மாலையும் போட்டுக் கௌரவிக்கும். ஆனால் சும்மா இருப்பதற்கென்றே திட்டம் போடுகிற ஒரு வர்க்கத்தார் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களை இதுவரையில் எந்தச் சபையும் கௌரவித்ததாகத் தெரியவில்லை. ஐம்பதைத் தாண்டிய வயது, வெளியூரில் வேலை பார்க்கும் ஒரே பிள்ளை, வாழ்நாளெல்லாம் பிறர் கணக்கைச் சரிபார்த்துப் பழகிய கண்கள், சட்டைப் பையில் நீலமும் சிவப்புமாக இரண்டு பேனா ஆகிய லட்சணங்கள் பொருந்திய ஒருவர், தை மாதத்தில் ஒரு காலைப்பொழுதில் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, தம் மனைவியை நோக்கி, "சித்திரையிலே நாம ரெண்டு பேர் மட்டும் ஒரு தீவுக்குப் போய், நாலு நாள் நிம்மதியா இருந்துட்டு வருவோம்" என்று சொல்வாரானால், அந்த அம்மாளின் நிம்மதி அந்தக் காபியோடு முடிந்தது என்று நாம் தீர்மானித்துக்கொள்ளலாம்.

தீவு என்றாரே தவிர, எந்தத் தீவு என்பதை அவர் உடனே சொல்லிவிட மாட்டார். அதற்கு அபிப்பிராய சேகரம் நடந்தாக வேண்டும். காரியாலயத்துப் பக்கத்து மேஜைக்காரர், மாடிப்படியில் எதிர்ப்படும் குடித்தனக்காரர், தம்முடைய வாயைத் திறக்கச் சொல்லிக் கையில் குறட்டோடு நிற்கும் பல் வைத்தியர் உள்பட யாரும் தப்ப முடியாது. ராமேசுவரமும் தீவுதானே என்று யாரேனும் யோசனை சொன்னால், "வாஸ்தவம், ஆனால் அங்கே போய் 22 தீர்த்தமும் ஆடாமல் வந்தால் உறவு மனுஷர் கேட்பார்கள், ஆடிவிட்டு வந்தால் ஜலதோஷம் கேட்கும், அது யாத்திரை, விச்ராந்தி அல்ல" என்று தள்ளிவிடுவார். மாலத்தீவு செலவில் அடிபட்டுப்போகும். லட்சத்தீவுக்கு வெளியார் நுழைய வேண்டுமானால் முன்கூட்டியே அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்று கேள்விப்பட்டதும் அவர் முகம் மலரும். விண்ணப்பப் பாரங்களைப் பூர்த்தி செய்வதில் அவருக்கு அப்படி ஒரு பிரேமை. ஆனால், "ஏங்க, சும்மா உட்கார்ந்திருக்கறதுக்கும் அப்ளிகேஷன் போடணுமா?" என்று உள்ளேயிருந்து வரும் குரல் அந்த உற்சாகத்தை அணைத்துவிடும்.

கடைசியில் அந்தமான் நிலைக்கும். சென்னையிலிருந்து கப்பலில் போனால் மூன்று நாள் பிடிக்கிற தூரத்தை விமானம் இரண்டு மணிச் சொச்சத்தில் கடத்திவிடுகிறது என்பதும், போர்ட் பிளேர் கடைத்தெருவில் தமிழ் பேசியே காய்கறி வாங்கிவிடலாம் என்பதும் அதற்குச் சாதகமான அம்சங்கள். 2018-இல் ஹாவ்லாக் தீவு ஸ்வராஜ் தீவாகவும், 2024-இல் போர்ட் பிளேர் ஸ்ரீ விஜயபுரமாகவும் மாறிவிட்டபடியால், படகுத்துறையில் எந்தப் பெயரைச் சொன்னால் ஏற்றிக்கொள்வார்களோ என்ற சந்தேகத்தில் நம்மவர் பழையதை நீலத்திலும் புதியதைச் சிவப்பிலுமாக எழுதிவைத்துக்கொள்வார்.

இனி, தேதி. இந்த ஓர் அம்சத்துக்கு அவர் செலவிடும் கால அளவில் தீவையே நடந்து சுற்றி வந்துவிடலாம். மார்ச் மாதக் கணக்கு முடிப்புக்கு முன்னால் நகர முடியாது. மே மாதம் நாலாந்தேதி வாக்கில் அக்னி நட்சத்திரம் பிறந்துவிட்டால், அதிலிருந்து தப்பிப்பதற்காகப் போகிற பிரயாணம் அதற்குப் பிறகு தொடங்குவது அர்த்தமற்றது. இந்த இடைவெளிக்குள் பஞ்சாங்கம் பிரவேசிக்கிறது. அந்தமான் கிழக்கே இருக்கிறது. திங்களும் சனியும் கிழக்கே சூலம். சனிக்கிழமை புறப்பட்டால் லீவில் இரண்டு நாள் மிச்சமாகுமே என்று மனம் சபலப்படும்; தயிர் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் அந்தத் தோஷத்துக்குப் பரிகாரம் என்று பெரியவர்கள் சொல்லியிருப்பது வாஸ்தவந்தான், ஆனால் விடியற்காலை நாலு மணிக்குத் தயிர் சாப்பிட்டு ஆகாயத்தில் ஏறுவது உசிதமா என்ற புதிய சந்தேகம் கிளம்பும். அஷ்டமி, நவமி நீங்கலாக, தமக்கும் மனைவிக்கும் சந்திராஷ்டமம் நீங்கலாக, மைத்துனி மகளின் சீமந்தம் நீங்கலாக, எஞ்சிய நாட்களை எண்ணிப் பார்த்தால் அவை ஒன்றோடொன்று ஒட்டாமல், அந்தமானைப் போலவே தனித்தனியாக மிதந்துகொண்டிருக்கும்.

ராகு காலம் இதைவிடக் கடினமான பிரச்சினை. புதன்கிழமை பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரையில் ராகு காலம் என்பது குழந்தைக்கும் தெரியும். ஆனால் அந்தக் கணக்கு சூரியன் ஆறு மணிக்கு உதிக்கிற ஊருக்கல்லவா? முன்னதாக உதிக்கிற ஊரில் ராகு காலமும் முன்னதாக வந்துவிடாதா? விமானம் நடுக்கடலுக்குமேல் இருக்கும்போது புறப்பட்ட ஊரின் ராகு காலத்துக்குக் கட்டுப்பட்டதா, இறங்குகிற ஊரின் ராகு காலத்துக்கா? இதை அவர் ஒரு வாரம் ஆலோசித்தார் என்றால், ஜோஸ்யர் அதற்கு மேலும் இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். முடிவில், கடற்கரையில் நிலா வெளிச்சம் வீணாகாதபடி சித்ரா பௌர்ணமியை ஒட்டி ஒரு புதன்கிழமை நிச்சயமாயிற்று. திதி, வார, நட்சத்திரங்கள் இவ்வளவு அனுகூலமாக அமைந்த தினம் தம் கல்யாணத்துக்குக்கூடக் கிடைக்கவில்லை என்று அவர் சொல்லிக்கொண்டார். மனைவி அதற்குப் பதில் சொல்லவில்லை.

அதன் பிறகு நிகழ்ச்சி நிரல் தயாராகும். நீளக் காகிதம், நாலு கட்டம், கோடு போட அடிக்கோல். முதல் நாள் பிற்பகலை மட்டும் பார்த்தால் போதும்: 1.10 - போஜனம்; 1.45 - தாம்பூலம், 2.00 முதல் 3.15 வரை - ஓய்வு, 3.30 முதல் 4.45 வரை - சமுத்திர ஸ்நானம், 5.00 - சிற்றுண்டி, 6.15 முதல் 6.40 வரை - ராதாநகர்க் கடற்கரையில் சூரியாஸ்தமன தரிசனம். '3.15 முதல் 3.30 வரை என்ன?' என்று கேட்டால், 'அது எதிர்பாராத விஷயங்களுக்கு' என்பார். மூன்றாம் நாளில் 'யானை நீந்துதல் - 40 நிமிஷம்' என்று ஒரு வரி இருக்கும். எந்தக் காலத்திலோ ஒரு பத்திரிகையிலிருந்து கத்தரித்துக் கோப்பில் வைத்த படம் அதற்கு ஆதாரம். மரம் இழுக்கக் கொண்டுவரப்பட்டு, அந்த வேலை ஓய்ந்தபின் ஹாவ்லாக் தீவின் கடலில் நீந்திப் பெயர் வாங்கிய ராஜன் என்ற அந்த யானை 2016-லேயே காலமாகிவிட்டது என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. நிகழ்ச்சி நிரல் இல்லாமல் ஓய்வை அனுபவித்த ஜீவன் அது. நம்மவரைச் சந்திக்கும் சந்தர்ப்பம் வாய்க்காமல் போனது அதன் பாக்கியம் என்றுதான் எனக்குப் படுகிறது.

மூட்டை முடிச்சைப்பற்றி அதிகம் சொல்வதற்கில்லை: புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, கொடி கட்டக் கயிறு, டார்ச்சு, எட்டு விதமான மாத்திரை, நிகழ்ச்சி நிரலின் மூன்று நகல்கள்.

ஆக, தம்பதிகள் போய்ச் சேர்ந்தார்கள். போர்ட் பிளேரிலிருந்து ஹாவ்லாக்குக்கு விரைவுப் படகில் ஒன்றரை மணி நேரம். கண்ணாடி ஜன்னல் ஓரம் மனைவிக்குக் கிடைத்தது, ஏனெனில் நம்மவர் அப்போது படகு எத்தனை நிமிஷம் தாமதம் என்று கணக்கெடுத்துக்கொண்டிருந்தார். அறையில் போஜனம், தாம்பூலம், ஓய்வு எல்லாம் விதிப்படி நிறைவேறின. ஓய்வு நேரத்தில் அவர் மூன்று தடவை கடிகாரத்தைப் பார்த்ததைத் தவிர வேறு குறையில்லை. சரியாக மூன்றரை மணிக்கு, தோளில் துண்டும் கையில் பிளாஸ்டிக் வாளியுமாக, கிழக்குக் கரையில் அவர் காலை வைத்தபோது, அங்கே கடல் இல்லை.

இல்லை என்றால் அடியோடு இல்லை என்று கொள்ளக் கூடாது. வெகு தூரத்தில், வெயிலில் பளபளக்கும் ஒரு கோடாக அது இருந்தது. இடையில் ஈரமணலும், பாசி படிந்த பாறைகளும், அங்கங்கே கணுக்கால் ஆழக் குட்டைகளும், அவற்றில் அவரை லட்சியம் செய்யாத நண்டுகளும் இருந்தன. பௌர்ணமி, அமாவாசைகளை ஒட்டிக் கடல் மிகுதியாக ஏறுவதும் மிகுதியாக வற்றுவதும் இயற்கை. நாளுக்கு இரண்டு தடவை ஏறி இரண்டு தடவை வாங்கும் அந்த நேரமும் தினந்தோறும் சுமார் 50 நிமிஷம் பின்தள்ளிப் போகும். நாலு மாதம் பஞ்சாங்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு திதியின் சுபாசுபங்களையும் அலசிய மனிதர், அதே திதிதான் சமுத்திரத்தையும் ஏற்றி இறக்குகிறது என்பதை மட்டும் பார்க்கத் தவறிவிட்டார். வாளியோடு அரை பர்லாங்கு தூரம் கடலைத் துரத்திக்கொண்டு நடந்து, முட்டி நனையாமல் திரும்பி வந்து, 'சமுத்திர ஸ்நானம்' என்பதற்கு நேரே சிவப்பு மசியில் 'பகுதி' என்று எழுதினார்.

அஸ்தமனம் இதைவிட மோசம். சித்திரை மாதத்தில் சென்னையில் சூரியன் ஆறேகாலுக்குப் பின்தான் மறைகிறான். நம்மவர் அந்தக் கணக்கை வைத்துத்தான் 6.15 என்று குறித்திருந்தார். ஆனால் அந்தமான் நம்மைவிட வெகு தூரம் கிழக்கே இருந்துகொண்டு நம் கடிகாரத்தையே கட்டிக்கொண்டிருக்கிற தேசம். அங்கே விடியற்காலை ஐந்துக்கெல்லாம் சூரியன் வந்துவிடுகிறான், மாலை ஐந்தரைக்கெல்லாம் போய்விடுகிறான். விமானத்துக்கு ராகு காலம் பார்த்தபோது இதே விஷயத்தின் வாலைப் பிடித்தவர், தலையைப் பிடிக்காமல் விட்டுவிட்டார். 2004-இல் டைம் பத்திரிகை ஆசியாவிலேயே சிறந்தது என்று புகழ்ந்த அந்த ராதாநகர்க் கரையில், டார்ச்சு விளக்கோடு அவர் வந்து இறங்கிய சமயத்தில், தரிசனம் முடித்த ஜனங்கள் காலில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன அநியாயம், 6.15-க்கே இருட்டிடுச்சே!" என்றார், யாரோ தம்மிடம் வாக்குத் தவறியதைப் போல.

"அதான் நிலா வந்திருக்கே, பாருங்க" என்றாள் மனைவி.

"நிலா 8.10-க்கு" என்றார் அவர்.

அந்த அம்மாளைப்பற்றியும் சொல்ல வேண்டும். அவளிடம் காகிதம் இல்லை, பேனா இல்லை. கணவன் அறையில் உட்கார்ந்து மறுநாள் திட்டத்தைத் திருத்திக்கொண்டிருந்த வேளையெல்லாம் அவள் கரையோரத்துப் பெரிய மர நிழலில், சாய்ந்து கிடந்த ஒரு கட்டைமேல் உட்கார்ந்திருந்தாள். அங்கே இளநீர் விற்கிற ஒரு வங்காளி அம்மாளோடு, அரைகுறை ஹிந்தியிலும் கையசைப்பிலுமாகச் சிநேகம் உண்டாயிற்று. கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்து, 1950-களில் அந்தத் தீவில் காடு திருத்திக் குடியேறிய குடும்பங்களில் ஒன்று அவளுடையது; கோவிந்தநகர், விஜயநகர், ராதாநகர் என்று நம் ஊர்ப் பேட்டைகளைப் போல ஒலிக்கும் பெயர்களெல்லாம் அந்தக் குடியிருப்புகளின் பெயர்களே. 'பௌர்ணமி சமயத்தில் சாயங்காலம் கடல் வாங்கிவிடும், காலை ஒன்பது மணிக்கு வந்து குளியுங்கள்' என்ற ரகசியத்தை, அரசாங்கத் துண்டுப் பிரசுரம் ஒன்பதைப் படித்தும் நம்மவருக்குக் கிட்டாததை, ஓர் இளநீர் விலைக்கு அவர் மனைவி பெற்றுக்கொண்டாள். மறுநாள் காலை ஒன்பதுக்கு, 'கைத்தொழிற் கடை விஜயம்' என்று நிரலில் கண்டிருந்த நேரத்தில், அவள் கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டு, கரையில் கடிகாரத்தோடு நின்ற கணவனைப் பார்த்துச் சிரித்தாள்.

அவருக்குச் சந்தோஷமே இல்லையோ என்று இரக்கப்பட வேண்டாம். அவர் அனுபவிக்க வேண்டிய விச்ராந்தியைத் தை, மாசி, பங்குனி மாதங்களிலேயே, மேஜை விளக்கடியில், அடிக்கோலும் கையுமாக முழுவதும் அனுபவித்து முடித்துவிட்டார். தீவில் நடந்தது அதன் சரிபார்ப்பு மாத்திரமே. ஊர் திரும்பியதும், மனைவி வெயிலில் கறுத்துக் களையோடு இருக்க, அவர் மட்டும் ஒரு நாள் அதிகப்படி லீவு போட்டுப் படுத்துக்கிடந்தார் என்றால், அதுவும் உழைப்பின் களைப்பே.

வாசகர்களில் யாராவது அந்தமானுக்குப் போக உத்தேசித்தால் அவர் தம் நிகழ்ச்சி நிரலின் திருத்திய பதிப்பை அவசியம் கொடுப்பார், மரியாதைக்கு வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் காபி கொடுக்க வருகிற அம்மாளிடம் தனியாக இரண்டு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். விடியலில் எழுந்துவிடுங்கள், மாலை ஐந்துக்குள் மேற்குக் கரைக்குப் போய்விடுங்கள், குளிக்கிற நேரத்தை உள்ளூர்க்காரர்களிடம் விசாரியுங்கள், பவளத் துண்டு எதையும் ஆசைப்பட்டு எடுத்துவராதீர்கள், 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டப்படி அது குற்றம் என்று அவள் சொல்வாள். நான் சேர்க்கக்கூடியது ஒன்றுதான்: மே மாதம் மூன்றாவது வாரத்துக்குப் பிறகு அங்கே பருவமழை இறங்கிவிடும், படகுகள் காற்றின் தயவில் ஓடும், ஆகையால் போவதானால் சித்திரைக்குள் போய் வந்துவிடுங்கள்.