ஹவானாவில் ரீல் சுற்றியவர்கள்

கியூபாவின் கடற்கரையில் சாய்வு நாற்காலி போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு சும்மா படுத்துக்கிடப்பது அமெரிக்கர்களுக்குச் சட்ட விரோதம். சத்தியமாக! டூரிஸ்ட் என்று சொல்லிக்கொண்டு அவர்கள் அங்கே போகவே கூடாது. போவதற்கு அமெரிக்க அரசு 12 வகைக் காரணங்களை அனுமதித்திருக்கிறது. குடும்பத்தைப் பார்க்கலாம், ஆராய்ச்சி செய்யலாம், மதப் பணி ஆற்றலாம், கல்வி பெறலாம். சும்மா இருக்கலாம் என்பது மட்டும் அந்த லிஸ்ட்டில் இல்லை.

விளைவு? வெயில் காய ஆசைப்பட்ட ரிட்டயர்டு தம்பதிகள், கழுத்தில் அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு காலையிலேயே கியூப நாவல் பற்றி லெக்சர் கேட்கிறார்கள். கலாசார குரூப் டூர் என்றால் நாள் முழுக்க உருப்படியான நிகழ்ச்சி நிரல் இருக்க வேண்டும் என்பது விதி. இலக்கியத்தைச் சட்டத்துக்குப் பயந்து ரசிக்கும் ஜனங்களை வேறு எங்கே பார்க்க முடியும்?

அந்த குரூப் டூர் கதவும் நிலையாகத் திறந்திருப்பதில்லை. கிளிண்டன் 1999-ல் திறந்தார், புஷ் 2003-ல் சாத்தினார். ஒபாமா 2011-ல் திறந்தார், டிரம்ப் 2019-ல் சாத்தினார். பைடன் 2022-ல் மறுபடி திறந்தார். ஹவானா கைடு ஒருவர் அமெரிக்கத் தேர்தல் முடிவை நகம் கடித்தபடி பார்த்தால், அரசியல் ஆர்வம் என்று தப்பாக நினைக்காதீர்கள்.

நமக்கு அந்த வம்பு இல்லை. வாருங்கள், பஸ்ஸில் ஏறுவோம். 1950-களின் ரோஜா நிற ஷெவர்லே கார் வேண்டுமா? அது போட்டோவுக்கு. பானெட்டைத் திறந்து பார்த்தால் வேறு ஏதோ நாட்டு டீசல் என்ஜின் இருமிக்கொண்டிருக்கலாம். நம் குரூப்புக்குச் சீனத் தயாரிப்பான யூடாங் பஸ்தான். ஏறுமுன் ஒரு எச்சரிக்கை: இந்த ஊரில் கல்வெட்டு, கையெழுத்து, பிறந்த ஊர், பெரிய மனிதர் சத்தியம் எதையும் நம்பாதீர்கள். நம்பலாம் என்றால் நாவலை நம்பலாம். ஏன் என்று போகப் போகத் தெரியும்.

முதல் ஸ்டாப், பிளாசா தெ அர்மாஸ் சதுக்கம். ஸ்பானிஷ் கவர்னர்கள் வாழ்ந்த மாளிகையின் முற்றத்தில் கொலம்பஸ் பளிங்குச் சிலையாக நிற்கிறார். இடம் தெரிந்து நிற்பது அநேகமாக இப்போதுதான்.

1492 அக்டோபர் 28 அன்று கியூபாவுக்கு வந்து சேர்ந்தவர், ஆசியா வந்துவிட்டது, பக்கத்தில்தான் எங்கோ மகா கான் தர்பார் நடத்துகிறார் என்று முடிவு கட்டிவிட்டார். சீனாவில் கான்களின் ஆட்சி 1368-லேயே கவிழ்ந்துவிட்டது. நூற்றிருபது வருஷத்துக்கு மேல் பழைய நியூஸ்! கையில் ஸ்பெயின் ராஜாவும் ராணியும் கொடுத்த அறிமுகக் கடிதம் வேறு. எந்த மன்னர் அகப்படுவார் என்று தெரியாததால், பெயர் எழுத வேண்டிய இடத்தைக் காலியாக விட்டுக் கொடுத்திருந்தார்கள்.

தூது போக ஆள் வேண்டுமே? லூயிஸ் தெ தோரெஸ் என்ற மொழிபெயர்ப்பாளரைக் கையோடு கூட்டி வந்திருந்தார். மனிதருக்கு ஹீப்ரு தெரியும், அரமேயிக் தெரியும், அரபியும் கொஞ்சம் வரும். கியூபாக் காட்டுக்குள் இவற்றை வைத்துக்கொண்டு யாரிடம் பேச? ரோட்ரிகோ தெ ஹெரெஸ் என்ற துணையோடு நடந்து நடந்து, ஐம்பது வீடுகள் இருந்த ஒரு கிராமத்தை அடைந்தார். கானும் இல்லை, தங்கமும் இல்லை. ஏதோ இலையைச் சுருட்டிப் பற்றவைத்துப் புகையை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார்கள் மக்கள். பிற்காலத்தில் பணமாய்க் கொட்டப்போகிற சரக்கைக் கண்ணால் பார்த்துவிட்டு, இங்கே ஒன்றும் தேறாது என்று திரும்பிவிட்டார்கள்.

இதாவது பரவாயில்லை. இரண்டாவது பயணத்தில் கியூபாவின் தென்கரையோரமாக மேற்கே போனார் கொலம்பஸ். இன்னும் கொஞ்சம் போயிருந்தால் தீவின் முனையே வந்திருக்கும். வந்துவிட்டால் வம்பாயிற்றே! 1494 ஜூன் 12 அன்று நோட்டரியைக் கூப்பிட்டார். கப்பல் கப்பலாக அனுப்பி ஒவ்வொருவரிடமும் சத்தியப் பிரமாணம் வாங்கினார். 'இது தீவு அல்ல, கண்டம்.' பிற்பாடு மாற்றிப் பேசினால் 10,000 மரவேதி அபராதம், உபரியாக நாக்கு அறுக்கப்படும். பூகோளத்தை அட்டெஸ்டேஷன் வாங்கியே நிரூபித்த ஒரே மாலுமி!

சத்தியம் செய்தவர்களில் ஒருவர் ஹுவான் தெ லா கோசா. மகா சாது. மூச்சுக் காட்டவில்லை. 1500-ல் ஒரு உலக வரைபடம் வரைந்தார். அதில் கியூபா நாலு பக்கமும் தண்ணீரோடு அம்சமான தீவாக இருக்கிறது. வரைபடத்துக்கு நாக்கு கிடையாதல்லவா?

கொலம்பஸின் எலும்புகள் என்று சாந்தோ டொமிங்கோவிலிருந்து எதையோ எடுத்து வந்து, 1796 முதல் 1898 வரை ஹவானா கதீட்ரலில் வைத்திருந்தார்கள். கியூபா கைவிட்டுப் போனதும் ஸ்பெயின் அதைச் செவில் நகருக்கு எடுத்துப் போனது. நடுவே 1877-ல், அவர் பெயர் பொறித்த பெட்டி எங்களிடமே இருக்கிறது என்று சாந்தோ டொமிங்கோ போர்க்கொடி தூக்கியது. செத்த பிறகும் தான் எங்கே இருக்கிறோம் என்பது பாவம் அந்த மனிதருக்குத் தெரியவில்லை.

பஸ் இப்போது நாடாளுமன்றக் கட்டடமான கேப்பிட்டோலியோவைத் தாண்டுகிறது. வாஷிங்டனின் கேப்பிடல் கட்டடத்துக்குத் தம்பி மாதிரி தெரிகிறதா? ஜனாதிபதி மச்சாதோவின் ஆசை, 1929-ல் கட்டி முடித்தார். தரையில் 25 காரட் வைரம் ஒன்றைப் பதித்து, நாட்டின் சாலை தூரங்களை அங்கிருந்து அளந்தார்கள். ரஷ்ய ஜார் மன்னரின் வைரம் என்று பேச்சு. 1946 மார்ச்சில் அது திருட்டுப் போனது. ஜூனில் எங்கே அகப்பட்டது தெரியுமா? ஜனாதிபதி கிராவ் சான் மார்த்தினின் மேஜையில்! யாரோ பெயர் சொல்லாமல் அனுப்பி வைத்தார்களாம். அப்புறம் உஷாராகி, அசலைப் பூட்டிவிட்டு நகலைப் பதித்தார்கள். ஒரு தேசமே டூப்ளிகேட்டிலிருந்து கிலோமீட்டர் எண்ணுகிறது.

சரி, நீங்கள் காத்திருந்த ஆசாமிக்கு வருவோம். ஹெமிங்வே இல்லாமல் ஹவானாவில் இலக்கிய டூரா? ஆம்போஸ் முந்தோஸ் ஹோட்டலின் 511-ஆம் அறை, பொதேகீத்தா மதுக்கடை, ஃப்ளோரிதீத்தா மதுக்கடை. இலக்கிய யாத்திரையில் மதுக்கடை இரண்டு வருகிறதே என்று முகம் சுளிக்காதீர்கள். ஆசிரியரின் ஆய்வுக்களம் அது.

பொதேகீத்தாவின் சுவரில் ஃப்ரேம் போட்டு ஹெமிங்வே கையெழுத்தோடு ஒரு வாசகம் தொங்குகிறது. காக்டெய்ல்களில் தன் மொஹீத்தோவுக்கு இந்தக் கடை, டைக்கிரிக்கு அந்தக் கடை என்று சிபாரிசு. அது அவர் எழுதியதே அல்ல, கடைக்காரரின் விளம்பர வேலை என்பது விஷயம் தெரிந்தவர்கள் பலரின் சந்தேகம். டைக்கிரியில்கூடச் சர்க்கரை வேண்டாம், ரம் மட்டும் டபுளாக ஊற்று என்ற மனிதர், தித்திக்கும் மொஹீத்தோவுக்கு சர்டிஃபிகேட் கொடுத்திருப்பாரா? ஆனாலும் வரிசையில் நின்று அந்த ஃப்ரேமைப் போட்டோ எடுக்கிறார்கள். ஃப்ளோரிதீத்தாவிலோ 2003 முதல் வெண்கல ஹெமிங்வேயே பாரில் சாய்ந்து நிற்கிறார். குடிக்காமல் பார் பக்கம் அவர் நிற்பது இதுவே முதல் தடவை.

ஊருக்கு வெளியே ஃபிங்கா விஹியா, 1940-ல் அவர் வாங்கிய வீடு. உள்ளே போக அனுமதி இல்லை, ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்க வேண்டும். ஆயிரக்கணக்கில் புத்தகங்கள், வேட்டையாடிய மிருகங்களின் தலைகள், நீச்சல் குளத்தருகே நாய்களின் சமாதிகள். குளியலறைச் சுவரைப் பாருங்கள்: பென்சிலால் வரிசையாக எண்கள். ஏதோ நாவலின் குறிப்பு என்று நினைத்தீர்களா? ஐயாவின் எடை! சிங்கம் சுட்டவர், யுத்தம் பார்த்தவர், தினமும் மெஷினில் ஏறி இறங்கி முந்தின நாள் கணக்கோடு ஒப்பிட்டுக் கவலைப்பட்டிருக்கிறார்.

தோட்டத்தில் கரையேறி நிற்கிறதே, அதுதான் பிலார் படகு. இரண்டாம் உலகப் போரின்போது, 1942-43-ல், இந்த மரப் படகை எடுத்துக்கொண்டு ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலைப் பிடிக்கப் போனார் ஹெமிங்வே. திட்டம் என்ன? அப்பாவி மீன்படகாக வேஷம் கட்டுவது. மீனும் குடிதண்ணீரும் பறிக்க ஜெர்மானியர் பக்கத்தில் வருவார்கள். மூடி திறந்ததும் உள்ளே கையெறி குண்டை வீசிவிடுவது! குறி தவறக் கூடாதென்று பந்தை அசுர வேகத்தில் எறியும் ஹய் அலாய் ஆட்டக்காரர்களையும் குழுவில் சேர்த்திருந்தார்.

ஆயுதமும் பெட்ரோலும் அமெரிக்கத் தூதரகம் உபயம். ரேஷன் காலத்தில் பெட்ரோல் கிடைக்க இது ஒரு நல்ல சாக்கு என்று கிண்டலடித்தவர் எதிரி அல்ல, சொந்த மனைவி மார்த்தா கெல்ஹார்ன். அவரே அசல் போர் நிருபர், குண்டு விழும் இடத்துக்கு நேரில் போகிறவர். மாதக்கணக்கில் அலைந்தும் ஒரு கப்பலைக்கூட இவர்கள் மூழ்கடிக்கவில்லை. அதற்காக மனிதரை லேசாக எடைபோட வேண்டாம். 'கடலும் கிழவனும்' நாவலை எழுதியதும் இதே கடலைப் பார்த்துத்தான். பெரிதாக ஒன்றைத் துரத்திப் போய்க் கடைசியில் வெறுங்கையோடு கரை திரும்புவது எப்படி என்று அவருக்குத் தெரியாதா?

ஃபிடல் காஸ்ட்ரோவோடு அவர் நிற்கும் போட்டோக்களை ஹவானாவில் எங்கு பார்த்தாலும் மாட்டியிருப்பார்கள். கைகோத்துத் திரிந்த நண்பர்கள் என்றுதானே தோன்றும்? தெரிந்தவரை சந்தித்தது ஒரே முறை, 1960 மே மாதம், ஹெமிங்வே பெயரில் நடந்த மீன்பிடிப் போட்டியில். கோப்பையைத் தட்டியது ஃபிடல். போட்டி நடந்தது ஃபிடலின் நாட்டில் என்பதை இங்கே கிசுகிசுப்பாகச் சொல்லி வைக்கிறேன்.

இதுவரை பார்த்தது பொய்யான உண்மைகள். இப்போது உண்மையாகிவிட்ட ஒரு பொய். கிரஹாம் கிரீனின் 'அவர் மேன் இன் ஹவானா' நாவல் 1958-ல் வந்தது. ஹீரோ வேக்குவம் கிளீனர் விற்கிறவர். பிரிட்டிஷ் உளவுத்துறை அவரை ஏஜென்ட்டாகப் பிடித்துப் போடுகிறது. மகளின் செலவுக்குப் பணம் வேண்டுமே, அதனால் இல்லாத ஏஜென்ட்டுகளுக்குச் சம்பளம் வாங்குகிறார். வேக்குவம் கிளீனரின் பாகங்களைப் பெரிதாக வரைந்து, மலையில் ரகசிய ராணுவத் தளம் என்று அனுப்புகிறார். லண்டன் நடுங்குகிறது!

கிரீன் இதை ஆகாயத்திலிருந்து பிடிக்கவில்லை. போர்க்காலத்தில் உளவுத்துறையில் வேலை பார்த்தவர், போர்ச்சுகலில் உட்கார்ந்துகொண்டு கற்பனை ரிப்போர்ட் அனுப்பிக் காசு பார்த்த ஏஜென்ட்டுகளை அறிந்தவர். நாவலைப் படமாக்க 1959-ல் ஹவானா வந்தபோது, புதிதாக ஆட்சியைப் பிடித்திருந்த ஃபிடலே ஷூட்டிங் பார்க்க வந்தார். கதை அவருக்குப் பிடித்திருக்கும்போல. 1962 அக்டோபரில் கியூபாவில் நிஜமாகவே சோவியத் அணு ஏவுகணைகள் நின்றன. இந்தத் தடவை படம் அனுப்பியது அமெரிக்காவின் யு-2 விமானம். வேக்குவம் கிளீனரா என்று யாரும் கேட்கவில்லை.

உள்ளூர் எழுத்தாளர்கள் எங்கே என்று கேட்கிறீர்கள். நியாயம். கியூப நாவலின் பிதாமகர் அலெஹோ கார்ப்பெந்தியர், தான் ஹவானாவில் பிறந்ததாகவே வாழ்நாள் முழுக்கச் சொல்லிவந்தார். பேச்சில் மட்டும் பிரெஞ்சு வாடை. 1980-ல் காலமான பிறகு பிறப்புச் சான்றிதழ் வெளியே வந்தது. பிறந்த ஊர் லோசான், ஸ்விட்சர்லாந்து! அதே ஹவானாவின் த்ரோக்கதேரோ தெரு 162-ஆம் எண் வீட்டில் ஆஸ்துமாவோடும் பெரிய சரீரத்தோடும் உட்கார்ந்து 'பாரதீசோ' எழுதிய லெசாமா லிமா, கியூபாவை விட்டு வெளியே போனதே இரண்டு முறைதான். மெக்ஸிகோ ஒன்று, ஜமைக்கா ஒன்று. தன் ஊரை நிரூபிக்க அவர் ஒரு சான்றிதழையும் தேட வேண்டியிருக்கவில்லை. போதாததற்கு, இத்தாலிய எழுத்தாளர் இடாலோ கால்வினோ பிறந்தது ஹவானா அருகே சாந்தியாகோ தெ லாஸ் வேகாஸில்.

நான் தொப்பி கழற்றுவது இவர்கள் யாருக்கும் இல்லை, சுருட்டுத் தொழிற்சாலைக்குத்தான். 1865-ல் எல் ஃபிகாரோ என்ற ஆலையில் ஒரு வழக்கம் ஆரம்பித்தது. தொழிலாளர்கள் சுருட்டு உருட்டுவார்கள், மேடையில் ஒருவர் உட்கார்ந்து உரக்கப் படிப்பார். அவர் சம்பளம் தொழிலாளர்கள் கைக்காசு போட்டுத் தந்தது. எந்த நாவல் என்பதும் அவர்கள் தீர்மானம். பிடித்தால் இலை வெட்டும் கத்தியால் மேஜையைத் தட்டுவார்கள், அதுதான் கைதட்டல். அடுத்த வருஷமே கவர்னர் பயந்துபோய்த் தடை போட்டார். தடை போட்ட கவர்னர் போனார், வாசிப்பு நிற்கவில்லை. தூமாவின் 'கவுண்ட் ஆஃப் மான்டே கிரிஸ்டோ' மேல் கொண்ட மோகத்தில் 1935-ல் ஒரு சுருட்டுக்கே மான்டே கிரிஸ்டோ என்று பெயர் வந்தது. இலக்கிய விருதுகளில் பற்றவைக்கக் கூடியது இது ஒன்றே.

ஹோசே மார்த்தியைப் பார்க்காமல் தப்ப முடியாது. ஏர்போர்ட்டில், சதுக்கத்தில், பள்ளிக்கூட வாசலில் எல்லாம் அவர்தான். அருமையான கவிஞர். 1895-ல் ஸ்பெயினுக்கு எதிரான விடுதலைப் போரில் முதல் சண்டையிலேயே குதிரை மேல் பாய்ந்து போய் உயிர்விட்டார். அவர் எங்கள் குரு என்றார் ஃபிடல். இல்லை, எங்கள் ஆள் என்று 1985-ல் ஃபிடலைத் திட்டவே ரேடியோ மார்த்தி தொடங்கியது அமெரிக்கா. 1990-ல் டிவி மார்த்தியும் வந்தது. பலூனில் கட்டி ஒளிபரப்பினார்கள், விமானத்திலிருந்து ஒளிபரப்பினார்கள். கியூபா குறுக்கே அலை விட்டுக் கலைத்தது. பார்வையாளர்களே இல்லாமல் வருஷக்கணக்கில் ஓடிய சேனல்!

மாலெகோன் கடற்கரைச் சாலையில் கையில் குழந்தையோடு நிற்கும் மார்த்தி, அமெரிக்கத் தூதரகத்தை நோக்கி விரல் நீட்டுகிறார். கண்டனமாம். விசா அங்கேதான் தருகிறார்கள் என்று வழி காட்டுகிறார், இது ஹவானாக்காரர்களின் விளக்கம்.

கடைசி ஸ்டாப், வெதாதோ பகுதியில் ஒரு பூங்கா. பெஞ்சில் ஜான் லெனன். பீட்டில்ஸ் பாட்டைக் கேட்டாலே முறைத்த அரசாங்கம், 2000 டிசம்பர் 8-ல் ஃபிடல் முன்னிலையில் அவருக்குச் சிலை திறந்தது. திறந்த கையோடு சிலையின் கண்ணாடி திருட்டுப் போக ஆரம்பித்தது. திரும்பத் திரும்பப் போனதால் ஒரு காவலரைப் போட்டு, கண்ணாடியை அவர் பாக்கெட்டில் வைத்தார்கள். டூரிஸ்ட் வந்தால் மாட்டுவார், போனால் கழற்றிக்கொள்வார். எனவே அவசரப்பட்டு செல்ஃபி எடுக்காதீர்கள். கண்ணாடி வரட்டும், காவலருக்கு டிப்ஸ் கொடுத்துவிட்டு பஸ்ஸுக்கு வந்து சேருங்கள்.