கவசம் வேண்டாதவர்

சார், உங்கள் கையைப் புகழாத நோயாளி இந்த ஊரில் இல்லை. லாரி மோதித் தொடை நொறுங்கி வந்த பையன் மறுபடி பைக்கில் போகிறான் என்றால் அது உங்கள் கை. இடுப்பு முறிந்து படுத்த பாட்டி இன்று வாசலில் உட்கார்ந்து பூக் கட்டுகிறார் என்றால் அதுவும் உங்கள் கைதான். அந்தக் கையைப் பற்றிச் சொல்ல எனக்கும் உரிமை உண்டு. நான் உங்கள் தியேட்டரில் சி-ஆர்ம் எக்ஸ்ரே இயந்திரம் ஓட்டுகிறவன். நீங்கள் "ஷூட்" என்றால் பொத்தானை அழுத்துகிறவன். மற்றவர்கள் உங்கள் கையை வெளியே இருந்துதான் பார்த்திருக்கிறார்கள். நான் உள்ளேயும் பார்த்திருக்கிறேன். நோயாளியின் எலும்புக்குப் பக்கத்திலேயே உங்கள் விரல் எலும்பும் திரையில் தெரியும். ஆள்காட்டி விரல், நடுவிரல், அவற்றின் கணுக்கள் எல்லாம் எனக்கு மனப்பாடம்.

தொடை எலும்புக்குள் நெய்ல் என்னும் உலோகக் கம்பியை இறக்கிய பிறகு கீழ்முனையில் ஸ்க்ரூ பூட்டும் வேலை இருக்கிறதே, அதில் உங்கள் பொறுமைக்கு ஈடு கிடையாது. நெய்லில் இருக்கும் ஓட்டை கண்ணுக்குத் தெரியாது. மேலே எலும்பு, அதன் மேலே சதை, அதற்கும் மேலே தோல். சி-ஆர்மைப் பக்கவாட்டுக் கோணமான லேட்டரலுக்குத் திருப்பி, ஓட்டை நீள்வட்டமாக இல்லாமல் முழு வட்டமாகத் தெரியும்வரை சரிசெய்ய வேண்டும். பிறகு டிரில் முனையை அந்த வட்டத்தின் நடுவில் வைத்து ஒரு ஷூட். இம்மி நகர்த்தி இன்னொரு ஷூட். மற்ற டாக்டர்கள் டிரில் பிட்டை நீளமான ஃபோர்செப்ஸில் பிடித்துக்கொள்வார்கள், அல்லது முனையை வைத்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டு ஓரடி பின்னால் போய் "ஷூட்" என்பார்கள். நீங்கள் கையை எடுப்பதே இல்லை. கை நகர்ந்தால் முனையும் நகர்ந்துவிடும் என்கிறீர்கள். அது உண்மை. நோயாளிக்காக நகராமல் நிற்கும் கை அது.

அப்படி நிற்கும் கை மேல் விழுவது சிதறல் கதிர் இல்லை, நேர்க்கதிர். ஓரத்தில் நிற்பவர் கையில் படுவதைவிட அது பல மடங்கு அதிகம். குறுக்கே கையோ கருவியோ வந்தால் படம் மங்கிவிடக் கூடாதென்று இயந்திரம் தானாகவே கதிரைக் கூட்டிக்கொள்ளும். அந்தக் கூடுதலும் உங்கள் கைக்கும் நோயாளிக்கும்தான். கைக்கு ஆண்டுக்கு 500 மில்லிசீவர்ட் என்று அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வரம்பு வைத்திருக்கிறது. அதை அளக்க மணிக்கட்டில் கட்டும் பேட்ஜ் உண்டு, விரலில் போடும் மோதிரமும் உண்டு. நீங்கள் எதையும் கட்டிக்கொண்டதில்லை. ஆகவே உங்கள் கை எவ்வளவு கொடுத்திருக்கிறது என்ற கணக்கு எங்கேயும் இல்லை. கணக்கு வைக்காமல் கொடுப்பவரை வள்ளல் என்றுதான் சொல்வோம்.

உங்களுக்கு முன்னால் இப்படிக் கொடுத்தவர்கள் உண்டு. 1895 நவம்பரில் ஜெர்மனியின் வுர்ஸ்பர்க்கில் ராண்ட்ஜன் இந்தக் கதிரைக் கண்டுபிடித்தார். அடுத்த மாதமே தம் மனைவியின் கையைப் படம் எடுத்தார். அமெரிக்காவில் எடிசனிடம் கிளாரன்ஸ் டாலி என்ற உதவியாளர் இருந்தார். குழாய் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று தம் கையை நீட்டித்தான் அவர் சோதிப்பார். முதலில் தோல் வெந்தது, பிறகு கைகளை வெட்டி எடுத்தார்கள், 1904ல் அவர் இறந்தார். டாலிக்கு நேர்ந்ததைப் பார்த்து எடிசன் அந்த ஆராய்ச்சியையே விட்டுவிட்டார். பிலடெல்பியாவில் மிஹ்ரான் கசாபியன் என்ற மருத்துவர் தம் கைகள் கெட்டுப்போவதைத் தாமே படம் எடுத்துப் பதிவு செய்துகொண்டே வந்து 1910ல் போனார். இவர்களைப் போன்றவர்களுக்காக 1936ல் ஹாம்பர்க் நகரின் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் நினைவுத்தூண் எழுப்பினார்கள். திறந்தபோது 169 பெயர்கள் இருந்தன, பிறகு இன்னும் சேர்ந்தன. அவர்கள் பெரிய மனிதர்கள். ஆனால் ஒரு விஷயத்தில் நீங்கள் அவர்களை மிஞ்சிவிட்டீர்கள். தொடங்கியபோது அவர்களுக்கு இந்தக் கதிர் என்ன செய்யும் என்று தெரியாது. உங்களுக்கு எம்.பி.பி.எஸ். படிக்கும்போதே தெரியும்.

லெட் ஏப்ரன் விஷயத்தில் உங்கள் எளிமையைச் சொல்ல வேண்டும். தியேட்டரில் ஆள் அதிகம், ஏப்ரன் குறைவு. "எனக்கு வேண்டாம், வேற யாராவது போட்டுக்குங்க" என்று நீங்கள் விட்டுக்கொடுப்பீர்கள். அது ஐந்து, ஆறு கிலோ கனம். மேலே கவுன் வேறு. மூன்றாவது கேஸுக்குள் முதுகு விண்ணென்று தெறிக்கும், வேர்வை காலுறைவரை இறங்கும். உங்கள் சிரமத்தை நான் லேசாக நினைக்கவில்லை. மேல்சட்டையும் பாவாடையுமாக இரண்டு துண்டில் வருவது பாரத்தை இடுப்புக்கு இறக்கிவிடும். அதை வாங்கச் சொல்லலாம் என்று கம்பெனிக்காரர் கேட்டலாக்கைக் கொடுத்தபோது, இன்னும் ஒரு வருஷம் போகட்டும் என்றீர்கள். ஆஸ்பத்திரிப் பணத்தை உங்கள் பணம் போலப் பார்த்தீர்கள்.

நீங்கள் விட்டுக்கொடுத்த ஏப்ரன் வீணாகவும் இல்லை. நீளமான கேஸில் அதை மடித்து ஸ்டூலில் போட்டு மேலே உட்கார்ந்துகொள்வீர்கள். ஈயம் கலந்த ரப்பர் மடிப்பில் வெடிக்கும் என்பதால்தான் ஏப்ரனைத் தொங்கவே விட வேண்டும் என்பார்கள். ஒரு மாலையில் கேஸ் எல்லாம் முடிந்ததும் அதை மேஜையில் விரித்து சி-ஆர்மில் போட்டுப் பார்த்தேன். சரியாக வயிறு வரும் இடத்தில் குறுக்கே ஒரு கீறல், அதிலிருந்து கிளை பிரிந்து இன்னும் இரண்டு. மேலே துணி புதுசாகப் பளபளவென்று இருந்தது. மறுநாள் அதைத்தான் சிஸ்டர் கட்டிக்கொண்டு நின்றார். வேறு இல்லை.

படத்தின் தரத்தில் நீங்கள் எதையும் விட்டுக்கொடுக்க மாட்டீர்கள் என்பதும் புகழத்தக்கது. பல்ஸ் மோடில் போட்டால் கதிர் நன்றாகக் குறையும், ஆனால் படம் கொஞ்சம் விட்டுவிட்டு ஓடும். உங்களுக்கு அது பிடிக்காது. கோலிமேட்டரை இழுத்து வேண்டிய இடத்தை மட்டும் காட்டினால் சிதறல் குறையும், படமும் தெளியும். உங்களுக்கு முழுத் திரையும் வேண்டும். கடைசிப் படம் திரையில் அப்படியே நிற்கும், அதைப் பார்த்து யோசிக்கலாம். நீங்கள் ஓடும் படத்தைப் பார்த்துக்கொண்டேதான் யோசிப்பீர்கள். கதிரை வாங்கிப் படமாக்கும் இன்டென்சிஃபயரை நோயாளிக்கு ஒட்டினாற்போல் கொண்டுவந்து, கதிர் கிளம்பும் டியூபைத் தள்ளி வைக்க வேண்டும் என்று எங்களுக்குப் படிப்பில் முதலில் சொல்லித்தருவார்கள். லேட்டரலில் டியூபை உங்களுக்கு எதிர்ப்பக்கம் வைக்க வேண்டும் என்பதும் அதோடு வரும், ஏனென்றால் கதிர் நோயாளியின் உடம்பில் பட்டுச் சிதறுவது டியூப் பக்கம்தான் அதிகம். ஆனால் இன்டென்சிஃபயர் பெரிது, டிரில் பிடிக்க இடம் போதாது என்று டியூபை உங்கள் பக்கமே திருப்பச் சொல்வீர்கள். நோயாளிக்கு வேலை நன்றாக அமைய வேண்டும் என்று நீங்களே அந்தப் பக்கத்தை ஏற்றுக்கொள்கிறீர்கள். உங்களுக்கு அடுத்து நிற்பவர்களையும் அழைத்துக்கொண்டு ஏற்றுக்கொள்கிறீர்கள்.

கதிர் ஓடிய நேரம் ஐந்து நிமிடம் சேர்ந்ததும் இயந்திரம் மணி அடிக்கும். ஐந்து நிமிடம் ஆகிவிட்டது, கொஞ்சம் யோசியுங்கள் என்று சொல்வதற்காகவே அந்த மணியை வைத்திருக்கிறார்கள். அது அடித்தால் உங்கள் கவனம் கலையும். "தம்பி, அதை நிறுத்து" என்பீர்கள். நான் நிறுத்துவேன். அடுத்த ஐந்து நிமிடத்துக்கு மறுபடி தொடங்கும். மணியையே நிறுத்திவிட்டுத் தொடரும் கவனம் உங்களுடையது.

இதைவிடப் பெரிய புகழ் உங்கள் மாணவர்களிடம் இருக்கிறது. மேற்படிப்புக்கு வரும் பிஜி பையன்கள் புதிதில் தைராய்டு காலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வருவார்கள். ஷூட் என்றால் பின்னால் நகர்வார்கள். ஓரடி நகர்ந்தாலும் நல்லதுதான், தூரம் இரண்டு மடங்கானால் கதிர் நான்கில் ஒன்றாகிவிடும். கொஞ்ச நாள் உங்களைப் பார்ப்பார்கள். பிறகு காலர் ஆணியில் தொங்கும். பிறகு ஏப்ரனும் தொங்கும். நகர்ந்தால் பயந்தவன் என்று ஆகிவிடுமோ என்று அசையாமல் நிற்பார்கள். ஒரு வார்த்தை சொல்லாமல் ஆசிரியர் பாடம் நடத்துவது அபூர்வம். நீங்கள் நடத்துகிறீர்கள். அவர்களில் சிலர் அடுத்த முப்பது வருஷம் வேறு வேறு ஊர்களில் நெய்ல் போடுவார்கள், உங்களிடம் கற்றபடியே நிற்பார்கள்.

நோயாளிக்கு இது ஒரு முறை. எலும்பு சேர்வதற்காக அவர் வாங்கிக்கொள்ளும் கதிரில் நியாயம் இருக்கிறது, அவருக்குப் பலனும் இருக்கிறது. நான் கேபிள் எவ்வளவு நீளமோ அவ்வளவு தள்ளி நின்று அழுத்தலாம். மயக்க மருந்து டாக்டர் தலைப்பக்கம் ஒதுங்கலாம். சிஸ்டருக்குக் கேபிள் இல்லை. நீங்கள் கை நீட்டினால் கருவி அந்தக் கையில் இருக்க வேண்டும், ஆகவே அவர் உங்கள் தோளை ஒட்டித்தான் நிற்பார். காலைத் தாங்கிப் பிடிக்கும் தியேட்டர் அண்ணன் எங்கே நகர்வார்? நீங்கள் பயப்படாதபோது அவர்கள் எப்படிப் பயம் என்று சொல்வார்கள்? பெண் ஊழியர் கருவுற்றதாகத் தெரிவித்த பிறகு வயிற்றுப் பிள்ளைக்கு ஒரு மில்லிசீவர்ட்டுக்கு மேல் போகக் கூடாது என்று விதி இருக்கிறது. தெரிவிக்கும்வரை ஆகும் அந்த முதல் வாரங்களில், கீறல் விழுந்த ஏப்ரன்தான் இருக்கிறது. உங்கள் தைரியம் உங்களோடு நின்றுவிடாமல் எல்லாருக்கும் பரவியிருக்கிறது.

கண்ணையும் சொல்ல வேண்டும். கண் வில்லைக்கு ஆண்டுக்கு 150 மில்லிசீவர்ட் தாங்கும் என்று வெகுகாலம் நினைத்திருந்தார்கள். குறைந்த கதிரிலேயே கண்புரை வருவதைப் பார்த்து, 2011ல் சர்வதேசக் கதிரியல் பாதுகாப்பு ஆணையம் அதை ஐந்து ஆண்டு சராசரியாக 20க்கு இறக்கிவிட்டது. நீங்கள் இன்றும் கண்ணாடி இல்லாமல் திரையைக் கூர்ந்து பார்க்கிறீர்கள். அந்தக் கண்ணை நம்பி எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை உடம்பில் பட்ட கதிரை அளக்கும் டி.எல்.டி. பேட்ஜின் ரிப்போர்ட் வரும். அதில் உங்கள் பெயருக்கு நேரே எப்போதும் சுத்தமாக இருக்கும். பேட்ஜ் உங்கள் மேஜை இழுப்பறையில், ஸ்டாம்ப் பேடுக்குப் பக்கத்தில் பத்திரமாக இருக்கிறது. தணிக்கைக்கு வந்தவர்கள் அந்த ரிப்போர்ட்டைப் பார்த்து, இங்கே கதிர்ப் பாதுகாப்பு நன்றாக இருக்கிறது என்று எழுதிவிட்டுப் போனார்கள். சிஸ்டருக்கும் தியேட்டர் அண்ணனுக்கும் பேட்ஜே இல்லை. இல்லாதவர்களுக்கு ரிப்போர்ட்டும் இல்லை.

உங்கள் வார்த்தைக்கு இருக்கும் மதிப்பையும் நான் பார்த்தவன். பவர் டிரில் பழுதானபோது நிர்வாகத்துக்கு நீங்கள் ஒரே ஒரு போன் போட்டீர்கள், அந்த வாரமே புதுசு வந்தது. அந்த வார்த்தையை நம்பித்தான் இதை எழுதுகிறேன். சிஸ்டர், தியேட்டர் அண்ணன், பிஜி பையன்கள் எல்லாருக்கும் பேட்ஜ், உங்களுக்கு மோதிர பேட்ஜ், கீறல் விழுந்ததற்கு மாற்றாக இரண்டு துண்டு ஏப்ரன்கள், தைராய்டு காலர், ஈயக் கண்ணாடி எல்லாம் கேட்டு ஒரு கடிதம் அடித்து உங்கள் மேஜையில் வைத்திருக்கிறேன். துறைத் தலைவராக உங்கள் கையெழுத்து மட்டும் பாக்கி. நாளை முதல் கேஸுக்கு முன்னால் போட்டுக்கொடுங்கள், சார்.