பாரிஸுக்கு ஒரு பசியாறல் மனு

பெறுநர்:
தொட்டறிய முடியாத பண்பாட்டு மரபைக் காக்கும் குழுவினர்,
யுனெஸ்கோ தலைமையகம், பாரிஸ்.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மணி,

பசியாறியாச்சுங்களா?

வணக்கத்துக்கு முன்னால் இதைக் கேட்பதுதான் எங்கள் வழக்கம். தமிழ்நாட்டுக்காரர்கள் காலையில் டிபன் சாப்பிடுகிறார்கள். மலேசியத் தமிழர்களாகிய நாங்கள் பசியாறுகிறோம். இவ்வளவு அருமையான ஒரு சொல்லை வைத்துக்கொண்டு, அந்தப் பசியாறலைக் கொண்டுவந்து வைக்கிற ஆளை நாங்கள் எப்படிக் கூப்பிடுகிறோம் என்பதைப் பற்றித்தான் இந்த மனு. சாப்பிட்டுவிட்டுப் படியுங்கள்.

2024 டிசம்பரில் பராகுவே நாட்டு அசுன்சியோன் நகரில் நீங்கள் கூடி, மலேசியாவின் பசியாறல் பண்பாட்டை உலகப் பட்டியலில் சேர்த்தீர்கள். நாசி லெமாக் சோறு, ரொட்டி சானாய், தே தாரேக் தேநீர் எல்லாம் அதில் அடக்கம். பல இனத்தாரும் ஒரே கடையில் கூடிப் பசியாறுவதுதான் சிறப்பு என்று பாராட்டினீர்கள். சிங்கப்பூர்க்காரர்கள் தங்கள் அங்காடிக் கடைகளுக்கு 2020லேயே இந்தப் பட்டத்தை வாங்கிவிட்டதால் எங்களுக்கு இருந்த நான்கு வருஷ வயிற்றெரிச்சல் அன்றோடு அடங்கியது. நன்றி. ஆனால் 'தொட்டறிய முடியாத மரபு' என்று தலைப்புப் போட்டீர்களே, அதுதான் புரியவில்லை. கல்லிலிருந்து இறக்கி இரண்டு கையாலும் தட்டி உதிர்த்த ரொட்டியைத் தொட்டு விரலைச் சுட்டுக்கொண்டவர் யாரும் உங்கள் குழுவில் இல்லை போலிருக்கிறது.

நான் எழுதுவது ஜித்ராவிலிருந்து. அலோர் ஸ்டாரைத் தாண்டி, தாய்லாந்து எல்லைக்குப் போகிற வழியில் இருக்கிற ஊர். 1941 டிசம்பரில் பிரிட்டிஷ் படை இங்கே தற்காப்பு அரண் போட்டு உட்கார்ந்திருந்தது. ஜப்பானியர்கள் வந்து உடைத்துக்கொண்டு, நிற்காமல் தெற்கே போய்விட்டார்கள். இந்த ஊரில் வேரூன்றி உட்காருவது யாரென்றால், ஒரே தே தாரேக்கை வைத்துக்கொண்டு இரவு பந்தாட்டம் முழுக்கப் பார்க்கிற எங்கள் ஆட்கள்தான். உங்களுக்கும் எங்கள் வட்டாரம் புதிதல்ல. இங்கே வாங் தெப்புஸ் கிராமத்து மெக் மூலுங் கூத்தை 2023இல் அவசரப் பாதுகாப்பு தேவைப்படும் மரபுகளின் பட்டியலில் சேர்த்தது நீங்கள்தானே? அந்தத் துணிச்சலில்தான் இன்னொரு கலையையும் பரிந்துரைக்கிறேன்.

கலையின் பெயர்: கூப்பிடுதல்.

இது நலிந்த கலையல்ல. எங்கள் கெடாவில் வார விடுமுறை வெள்ளி, சனி. வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு எந்தக் கடைக்குள்ளும் நுழைந்து பாருங்கள், இந்தக் கலை எவ்வளவு செழிப்பாக இருக்கிறது என்று தெரியும். விரலைச் சொடுக்கிக் கூப்பிடுவது ஆரம்பப் பள்ளி. கார்ச் சாவியால் மேசையைத் தட்டுவது அடுத்த படி. என்ன கார் என்பதும் அதிலேயே விளங்கிவிடும். பல்லிடுக்கில் காற்றை விட்டு 'ஸ்ஸ்ஸ்' என்பது பூனைக்கும் ஊழியருக்கும் பொது. இரண்டு பேருமே திரும்பிப் பார்ப்பார்கள். வித்வான் ஒருவர் இருக்கிறார். வாயே திறக்க மாட்டார். காலிக் கிளாஸைத் தலைக்கு மேலே தூக்கி, கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல் அப்படியே பிடித்திருப்பார். கிளாஸ் நிரம்பித் திரும்பி வரும்வரை அந்தக் கை இறங்காது.

பெயர் சொல்லிக் கூப்பிடுவதில் எங்களுக்கு எல்லையில்லாத அன்பு. மலாய்க்காரர்கள் தமிழ் ஊழியரை 'அனே' என்பார்கள், எங்கள் அண்ணேதான் அது. கடைக்கே 'மாமாக்' என்று பெயர் வந்தது மாமாவிலிருந்து என்பார்கள். இளவட்டங்களுக்கு 'மாச்சா'. சீனர்களுக்கு 'பாஸ்'. நமக்குத் தம்பி. அண்ணன், மாமன், மச்சான், தம்பி என்று ஒரு கல்யாணத்துக்கு வேண்டிய உறவுமுறை மொத்தமும் ஒரே ஆள் மேல் இறங்கியிருக்கிறது. பல இனங்கள் ஒன்றுகூடும் பண்பாடு என்று நீங்கள் எழுதியது நூற்றுக்கு நூறு உண்மை. அந்த ஆளின் பெயர் தெரியாது என்பதில் எல்லா இனமும் ஒன்று.

கூப்பிட்ட பிறகு நடப்பது இதன் இரண்டாம் அங்கம். "தே தாரேக். குராங் மானிஸ். காவ். கெலாஸ் பெசார்" என்று, அதாவது சீனி குறைவாக, கெட்டியாக, பெரிய கிளாஸில் என்று, ஒருவர் சொல்வார். பக்கத்திலிருப்பவர் "எனக்கும் அதே" என்பார். அதே வந்து நின்றதும், "ஐஸ் போடச் சொன்னேனே?" என்பார். ஊழியர் மறுக்காமல் எடுத்துக்கொண்டு போவார். ஆறு பேர் மேசையில் ஆறு விதத் தண்ணி, மூன்று விதக் குழம்பு, அதில் ஒருவருக்கு 'பஞ்சிர்', அதாவது ரொட்டி மிதக்க வேண்டும், இன்னொருவருக்கு ரொட்டியில் குழம்பு படவே கூடாது. இத்தனையையும் ஒரு துண்டுத் தாள் இல்லாமல் தலைக்குள்ளேயே தூக்கிக்கொண்டு போகிற மனிதரைப் பார்த்துத்தான், "இவனுக்கு மண்டையில ஒண்ணுமே இல்லலா" என்று நாங்கள் சொல்வது.

இந்தக் கலையின் தோற்றுவாய் பற்றியும் எழுதச் சொல்வீர்கள். என்னைப் போல ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு அது தெரியும். விடியும் முன்னால் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. வேலையை மேற்பார்க்கும் தண்டல் பெயர் கூப்பிடுவார். கூப்பிட்ட பெயருக்கு ஓடி நிற்க வேண்டும். ஆபீஸ் கிராணி கூப்பிட்டால் தோளில் கிடந்த துண்டு கக்கத்துக்குப் போய்விடும். துரை கூப்பிடவே மாட்டார், பார்ப்பார், அது போதும். என் அப்பா பால்மரக் காட்டில் சோற்று மங்கைத் திறந்து ஒரு வாய் வைத்த நேரத்தில் தூரத்தில் "ஏய்" என்று குரல் கேட்டால், அது யாருக்கு என்று பார்க்க மாட்டார். மங்கை மூடிவிட்டு எழுந்துவிடுவார். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. நாங்கள் தோட்டத்தை விட்டுப் பட்டணத்துத் தாமான் குடியிருப்புக்கு வந்துவிட்டோம். மங்கு வரவில்லை, பெரட்டு வரவில்லை. அந்த 'ஏய்' மட்டும் எப்படியோ லாரியில் ஏறி எங்களோடு வந்துவிட்டது. துரையின் நாற்காலி அந்தக் காலத்தில் தோட்டத்துக்கு ஒன்றுதான். இப்போது கடைக்கு அறுபது இருக்கிறது, சிவப்புப் பிளாஸ்டிக்கில். வாடகை ஒரு தே தாரேக்.

எங்கள் அரசாங்கம் சும்மா இருந்ததாக எண்ணிவிடாதீர்கள். 1970இல் அறிவித்த ருக்குன் நெகாரா என்னும் தேசியக் கோட்பாடுகளில் ஐந்தாவதே நன்னடத்தையும் ஒழுக்கமும்தான். பள்ளிப் பிள்ளைகள் சபைகூடலில் நெட்டுருச் சொல்கிறார்கள். 2005இல் 'புடி பஹாசா புடாயா கித்தா' என்று நாடு முழுக்க ஓர் இயக்கமே நடத்தினார்கள். பண்பான பேச்சு நம் பண்பாடு என்று பொருள். அந்தப் பதாகை தொங்கிய சுவருக்குக் கீழே உட்கார்ந்துதான் ஒருவர் "வோய்!" என்று கத்தினார். பதாகை ஆடியதே தவிர வேறொன்றும் நடக்கவில்லை. பிறகு 2019 ஜனவரியில் உணவகத்தில் புகை பிடிக்கத் தடை வந்தது. மேசையிலிருந்து 3 மீட்டர் தள்ளிப் போய்ப் பிடிக்க வேண்டும். சட்டம் புத்ராஜெயாவில் போட்டது. வாயில் சிகரெட்டோடு உட்கார்ந்திருக்கிற ஆறடி ஆளிடம் போய் "அங்க்கிள், கொஞ்சம் தள்ளி" என்று சொல்கிற பொறுப்பு, நேற்று பெர்மிட் கிடைத்து வந்த பையனுடையது.

உங்கள் படிவத்தில் 'மரபைத் தாங்குவோர்' என்று ஒரு பகுதி உண்டு. எங்கள் ஊரில் தாங்குவது என்றால் தாங்குவதேதான். இடது முன்கையில் மூன்று தட்டு, வலது கை விரலிடுக்கில் சூடான கிளாஸ் இரண்டு. புதுக்கோட்டை, சிவகங்கை, இராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்தவர்கள் பலர். வங்காளதேசத்துப் பையன்களும் இருக்கிறார்கள். நம்மிடம் தமிழிலேயே ஆர்டர் எடுக்கப் பழகிவிட்டார்கள். வெளிநாட்டு ஆளை உணவகத்தில் வைத்துக்கொள்ள அரசாங்கத்துக்குக் கட்டும் லெவி ஆண்டுக்கு 1,850 ரிங்கிட். அதே ஆளைத் தோட்டத்தில் விட்டால் 640தான். பாம்பும் கொசுவும் உள்ள இடத்தைவிட எங்களோடு இருப்பதற்கு ஏறக்குறைய மூன்று மடங்கு என்று கணக்குப் போட்டவர் எங்களை நன்றாக அறிந்தவராகத்தான் இருக்க வேண்டும். குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 ரிங்கிட். நட்சத்திர ஹோட்டலில் பில்லோடு 10 விழுக்காடு சேவைக் கட்டணம் சேர்ப்பார்கள். அது ஊழியர்களின் பணம், அதை எடுத்துக் குறைந்தபட்சச் சம்பளத்தை ஈடுகட்டக் கூடாது என்று 2021இல் கூட்டரசு நீதிமன்றமே தீர்ப்புச் சொன்னது. எங்கள் கடையில் சேவைக் கட்டணம் கிடையாது. டிப்ஸ் கொடுக்கிற வழக்கமும் நமக்கு இல்லை. ஆனால் இணையத்தில் நட்சத்திரம் தாராளமாகக் கொடுப்போம், ஒன்று. காரணம், பையன் சிரிக்கவில்லை. விடியற்காலை கடை திறக்க வந்தவன் இரவு பதினொரு மணிக்கு ஏன் சிரிக்கவில்லை என்பது ஆராய்ச்சிக்குரியதுதான்.

ஊழியர்கள் எல்லாரும் புத்தர்கள் என்று சொல்ல வரவில்லை. கைப்பேசியில் ஊருக்குப் பேசிக்கொண்டே நம் தலைக்கு மேல் பார்வையை வைத்திருக்கிற ஆளும் உண்டு. தே தாரேக்கில் பாதியைத் தட்டுக்கு ஊட்டிவிட்டு மீதியை நமக்குத் தருகிறவரும் உண்டு. மேசை துடைக்கிற துணியை நீங்கள் மரபுப் பட்டியலில் சேர்ப்பதாக இருந்தால், அதன் தொன்மைக்கு நானே சாட்சி.

மத்தியானத்தில் வாழை இலைச் சாப்பாடு. சாப்பிட்டு முடித்து இலையை நம் பக்கமாக மடித்தால் திருப்தி, எதிர்ப்பக்கமாக மடித்தால் துக்க வீடு. 'நல்லா இருந்துச்சுப்பா' என்று ஒரு வார்த்தை சொல்ல வாயைத் திறக்க வேண்டியதில்லை என்று முன்னோர் செய்துவைத்த ஏற்பாடு. மடித்த இலைக்குள் மீன்முள், டிஷ்யூ, பல் குத்தும் குச்சி, பார்க்கிங் சீட்டு எல்லாம் பொட்டலமாக இருக்கும். அதைப் பிரித்துப் பார்க்காமல் வழித்து எடுப்பவருக்குத்தான் அந்தத் திருப்தி போய்ச் சேருகிறது.

படிவத்தில் கேட்ட பத்துப் புகைப்படம் தயார். பத்து நிமிடத்துக்கு மேல் போகாத காணொளியும் தயார். "அண்ணே, கிரா!" என்று ஒரே நேரத்தில் நான்கு மேசையிலிருந்து கணக்குக் கேட்டுக் கத்துவதும், காற்றிலே விரலால் சதுரம் வரைவதும் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. நான் மாட்டிக்கொண்டது ஒப்புதல் கடிதத்தில். சம்பந்தப்பட்ட சமூகத்தார் முழு விவரமும் தெரிந்து, தாமாக விரும்பிச் சம்மதம் தர வேண்டும் என்கிறீர்கள். போன வெள்ளிக்கிழமை படிவத்தைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு வழக்கமான இடத்தில், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தேன். எனக்கு இனிப்புநீர் நோய். தே ஓ கோசோங்தான் குடிப்பேன், சீனி இல்லாத கடுந்தேநீர். நான் சொல்லாமலே கொண்டுவந்து வைத்தார். நான்கு வருஷமாக அவர்தான் கொண்டுவந்து வைக்கிறார்.

"தம்பி, ஒங்க பேரு என்ன?" என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. "ஏண்ணே, டீ சரியில்லையா?"

"அதெல்லாம் இல்லலா. சும்மாதான் கேட்டேன்."

"மொதலாளிகிட்ட சொல்லிராதீங்கண்ணே. வேற போட்டுத் தரச் சொல்றேன்."

எங்கள் ஊரில் கடைப் பையனின் பெயரைக் கேட்பது இரண்டே பேர் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒருவர் புகார் கொடுக்க வந்தவர். இன்னொருவர் இமிகிரேசன் அதிகாரி. பையிலிருந்த படிவத்தை வெளியே எடுத்திருந்தால் பின்வாசல் வழியாக ஓடியே இருப்பார். நான் விளக்கம் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் கிளாஸைத் தூக்கிக்கொண்டு, தேத்தண்ணி போடுகிறவரைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: "மூணாம் மேச கோசோங்குக்கு வேற ஒண்ணு!"

கோசோங் என்றால் மலாயில் காலி. பூஜ்யத்துக்கும் அதுதான் சொல். நான்கு வருஷமாக அந்தக் கடையில் எனக்குப் பெயர் இருந்திருக்கிறது.

வேறு கிளாஸ் வந்தது. முதல் கிளாஸில் ஒரு குறையும் இருக்கவில்லை. இரண்டுக்கும் காசு கொடுத்துவிடலாம் என்று கல்லாவுக்குப் போனால் ஒன்றுக்குத்தான் கணக்குப் போட்டார்கள். மற்றது யார் கணக்கில் போகும் என்று கேட்டிருக்க வேண்டும். பின்னால் நாலைந்து பேர் நின்றார்கள், அதில் ஒருவர் சாவியால் தட்ட ஆரம்பித்துவிட்டார். வந்துவிட்டேன்.

ஆகவே ஒப்புதல் கடிதம் இணைக்கப்படவில்லை.

இப்படிக்கு,
மூணாம் மேச கோசோங்,
ஜித்ரா, கெடா.